‘இண்டைக்குக் குளிசை போடேல்லை, அதால பயமில்லை’

புதுக்குடியிருப்புப் பக்கம் செத்தவீட்டு எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு நடந்த ஒரு வீடு. பின்வளவில், மாமரத்தடியில், ஆண்கள் வட்டமாக இருந்தார்கள். நடுவில் சாராயப் போத்தல். சித்தப்பா என்னைக் கண்டதும் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். கிளினிக்கில் கொடுக்கும் சின்னக் கடதாசி உறை உள்ளே இருந்தது. “இண்டைக்குக் குளிசை போடேல்லைத் தம்பி, அதால பயமில்லை” என்றார்.

2009இல் போர் முடிந்த பிறகு அவருக்கு இரவு நித்திரை சரியில்லை. வெடிச் சத்தம் கேட்டால் உடம்பு உதறும், நெஞ்சு படபடக்கும். கிளினிக்கில் இரவுக்கு ஒரு குளோனசெபாம், பதட்டத்தை அடக்கி நித்திரை தரும் குளிசை, எழுதியிருந்தார்கள். உறையில் ‘இரவு 1’ என்று மட்டும் பேனையால் எழுதியிருந்தது. குடிக்கும் நாளில் குளிசையை விட்டுவிடுவதைத் தன் கவனம் என்றே அவர் நினைத்தார். வன்னியில் நான் அதிகம் காணும் தவறு இதுதான். அக்கறையோடு செய்யப்படுவதால் யாரும் அதைத் தவறென்று நினைப்பதும் இல்லை.

குளோனசெபாம் உடம்பில் பாதியாகக் குறையவே 30 முதல் 40 மணி நேரம் ஆகும். வெள்ளி இரவு ஒன்பது மணிக்குப் போட்ட குளிசையில் பாதிக்கு மேல் சனி இரவு ஒன்பதுக்கும் உள்ளேயே இருக்கும். அதற்கு முதல் நாட்களில் போட்டதின் மிச்சமும் அதோடு சேர்ந்து கிடக்கும். அதே வகைக் குளிசையான டயசெபாம் இன்னும் நீளம். அது உடம்புக்குள் உடைந்து வரும் பொருளும் நாட்கணக்கில் வேலை செய்யும். ஆகவே ஒரு வேளைக் குளிசையை விட்டதால் உடம்பு வெறுமையாகிவிடாது. சாராயம் போய்ச் சேரும்போது குளிசை அங்கே ஏற்கனவே இருக்கிறது.

இரண்டும் சேர்ந்தால் என்ன நடக்கும்? மூளையில் காபா என்றொரு இரசாயனம் இருக்கிறது. பதட்டத்தை அடக்கும் பிறேக் மாதிரி. டயசெபாம், குளோனசெபாம், அல்பிரசோலம், லோரசெபாம் எல்லாம் அந்தப் பிறேக்கைத்தான் அழுத்துகின்றன. மதுவும் அதையேதான் அழுத்துகிறது. பதட்டம் மட்டும் அடங்கினால் பரவாயில்லை. மூச்சும் மெதுவாகிறது. வாந்தி வந்தால் இருமி வெளியே தள்ளும் பலமும் குறைகிறது. மல்லாந்து கிடப்பவருக்கு வாந்தி நுரையீரலுக்குள் போய்விடலாம். ஒவ்வொன்றாக எடுத்தால் தாங்கக்கூடிய அளவே, இரண்டும் சேரும்போது உயிரை எடுக்கலாம். நினைவும் தப்பும். குளிசை போட்டதே ஞாபகம் இல்லாமல் இன்னொன்றைப் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

விட்டுவிட்டுப் போடுவதில் இன்னொரு கேடும் உண்டு. நாள்தோறும் போட்டுப் பழகிய உடம்பு, குளிசை குறைந்ததும் திமிறும். பதட்டம் முன்னைவிடக் கூடும், கை நடுங்கும், நித்திரை வராது. வருத்தம் கூடிவிட்டது என்று நினைத்து அதை அடக்க இன்னும் குடிப்பார்கள். பல மாதம் போட்டவர் ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பே வரலாம். தினமும் நிறையக் குடிப்பவர் குடியைத் திடீரென்று நிறுத்தினாலும் அப்படித்தான். இரண்டையும் வைத்தியர் சொல்கிறபடி மெல்ல மெல்லத்தான் குறைக்க வேண்டும்.

அடுத்தது கள்ளு. “கள்ளு சாராயம் இல்லைத்தானே, உடம்புக்குக் குளிர்ச்சி” என்று தவறணையில் சொல்லுவார்கள். பனங்கள்ளில் 5 சதவீதம் மதுசாரம் என்று வைத்துக் கணக்குப் பார்ப்போம். 750 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றில் ஏறத்தாழ 30 கிராம் வரும். 33 சதவீதச் சாராயம் 100 மில்லிலீற்றர் குடித்தால் சுமார் 26 கிராம். ஒரு போத்தல் கள்ளு அதைவிடக் கூட! காலையில் இறக்கிய கள்ளு பின்னேரம் வரைக்கும் நுரைத்துக்கொண்டே இருப்பதால் பொழுது போகப் போக வெறியும் ஏறும். கள்ளத்தனமாகக் காய்ச்சும் கசிப்பைப் பற்றிக் கணக்கே சொல்ல முடியாது. காய்ச்சியவருக்கே அதன் பலம் தெரியாது.

இனிச் சொல்லப் போவது என்னை மிகவும் பயப்படுத்தும் விஷயம். வெறியில் கத்திக்கொண்டு வரும் கணவரை அடக்க, வீட்டில் கிடக்கும் நித்திரைக் குளிசையைத் தேத்தண்ணியில் கரைத்துக் கொடுக்கிறார்கள். பக்கத்து வீட்டு அம்மாவிடம் ஒன்று கேட்டு வாங்கியும் கொடுப்பார்கள். அந்தப் பெண்களின் களைப்பும் பயமும் எனக்குத் தெரியும், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அந்த மனிதர் எவ்வளவு குடித்தார், வேறு என்ன மருந்து எடுக்கிறார் என்பது கொடுப்பவருக்குத் தெரியாது. அவர் அமைதியாகப் படுத்த பிறகுதான் ஆபத்தே தொடங்குகிறது. பயமாக இருந்தால் பிள்ளைகளோடு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுங்கள். குளிசை மட்டும் கொடுக்க வேண்டாம்.

பதட்டக் குளிசையோடு ஆபத்து முடிவதில்லை. உடம்பில் போர்க்காலச் செல் (எறிகணை) துண்டோடு வாழ்கிறவர்கள் இங்கே எத்தனை பேர்! நரம்பு நோவுக்கு அவர்களில் பலர் எடுக்கும் பிரகபலின், கபபென்டின், கடும் நோவுக்கு எடுக்கும் டிரமடோல், எல்லாமே மதுவோடு சேர்ந்தால் மூச்சை மந்தமாக்கும். இரவுக்குக் கொடுக்கும் அமிற்றிப்டிலினும் தடிமனுக்குப் போடும் பிரிட்டன் குளிசையும் மயக்கத்தைக் கூட்டும். படபடப்புக்கான புரோப்ரனலோல் எடுப்பவர் குடித்தால் பிரஷர் இறங்கித் தலை சுற்றி விழலாம். செர்ட்ரலின், புளுவொக்செற்றின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் மூச்சை அவ்வளவாகத் தொடுவதில்லை. ஆனால் அவை பலன் காட்டவே சில கிழமைகள் எடுக்கும், இடையில் குடி அந்தப் பலனைத் தின்றுவிடும்.

குடித்த அடுத்த நாள் விடியவே மோட்டார் சைக்கிளில் ஏ9இல் ஏறுவதும், லான்ட்மாஸ்ரரை வயலுக்கு இறக்குவதும், வள்ளத்தில் கடலுக்குப் போவதும் கூடாது. வெறி முறிந்துவிட்டதாகத் தெரியும், ஆனால் கையும் கண்ணும் இன்னும் பிந்தித்தான் வேலை செய்யும்.

பிறகு, கிளினிக்கில் சொல்லும் பொய். “குடிக்கிறனீங்களோ?” என்று டொக்டர் கேட்கும்போது பக்கத்தில் அம்மா நிற்பார், பின்னால் வரிசையில் ஊரே நிற்கும். “இல்லை” என்று வாய் தானாகச் சொல்லிவிடும். கொப்பியில் அதுவே பதிவாகி, அதற்கேற்பவே மருந்தும் எழுதப்படும். வெட்கமாக இருந்தால் தனியாகப் பேச வேண்டும் என்று நேர்ஸிடம் கேளுங்கள். என்ன குடிக்கிறீர்கள், கிழமையில் எத்தனை நாள், எத்தனை போத்தல் என்று சொன்னால், டொக்டர் அதற்குப் பொருத்தமான மருந்தை யோசிக்கலாம். சித்தப்பா பிறகு சொன்னபோது யாரும் ஏசவில்லை. நேரில் போக முடியாத நாளில் 1926 என்ற தேசிய உளநல உதவி எண்ணுக்கு எடுக்கலாம்.

ஏற்கனவே குடித்துவிட்டீர்களா? சரி, அன்றிரவு அதற்கு மேல் நித்திரைக் குளிசை போடாதீர்கள். அடுத்த நாள் இரட்டையாகப் போட்டு ஈடுகட்டவும் வேண்டாம். விஷயத்தைக் கிளினிக்கில் சொல்லுங்கள்.

அன்று மாமரத்தடியில் சித்தப்பா பாயில் மல்லாந்து கிடந்தார். குறட்டை, தண்ணீர் கொப்பளிப்பது போல இருந்தது. “நல்ல நித்திரை, விடுங்கோ” என்றார்கள். சித்திதான் வந்து தோளைப் பிடித்து உலுக்கினா. முனகல்கூட இல்லை, உதடு நீலம் பாரித்திருந்தது. ஒருவர் தேசிக்காய் வெட்ட ஓடினார், இன்னொருவர் கிணற்று வாளியைத் தூக்கினார். இரண்டும் வேண்டாதவை. மயங்கியவரின் வாயில் எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குத்தான் போகும். விரல் விட்டு வாந்தி எடுக்க வைப்பதும் அதேபோல ஆபத்து. இடப்பக்கம் சரித்துப் படுக்க வைத்தோம், மேல் காலை மடக்கி, வாய் நிலத்தைப் பார்க்கிற மாதிரி. 1990 என்ற அம்புலன்ஸ் எண்ணுக்கு அடித்தோம். வண்டி வரும் வரைக்கும் சித்தி அவருடைய மூக்கருகில் கையை வைத்து மூச்சை எண்ணிக்கொண்டே இருந்தா.

வண்டியில் வந்தவர்கள் முதலில் கேட்டது, என்ன மருந்து எடுக்கிறவர் என்றுதான். சட்டைப் பையிலிருந்த அந்தக் கடதாசி உறையை எடுத்துக் கொடுத்தேன்.