பட்டுப்புடவை எடுக்கும்போதும் கட்டும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீபாவளிக்கோ கல்யாணத்துக்கோ பட்டுப்புடவை எடுக்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு விஷயங்களை முடிவு செய்துகொண்டு கடைக்குப் போகிறார்கள். எவ்வளவு ரூபாய்க்குள் எடுப்பது, என்ன நிறத்தில் எடுப்பது. கடையில் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. நூல் என்ன, ஜரிகை என்ன, எந்தத் தறியில் நெய்தது? இந்த மூன்றுக்கும் தனித்தனி விலை இருக்கிறது. ‘ப்யூர் சில்க்’ என்று விற்பவர் சொன்னால், அது முதல் கேள்விக்கான பதில் மட்டும்தான். மற்ற இரண்டுக்கும் நாமே நல்ல பதிலாக நினைத்துக்கொண்டு பணத்தைக் கட்டிவிடுகிறோம்.

எல்லோரும் அதிகம் கேட்டு வாங்குவது காஞ்சிபுரம் பட்டு என்பதால் அதை வைத்தே சொல்கிறேன்.

ஒரு முத்திரையைப் பார்த்து மூன்றையும் நம்பிவிடுவது

புடவையில் தொங்கும் சில்க் மார்க் அட்டையை எல்லோரும் பார்த்திருப்போம். பட்டாம்பூச்சிச் சின்னம், ஹாலோகிராம், ஒவ்வொரு அட்டைக்கும் தனி எண். மத்திய பட்டு வாரியத்தின் முயற்சியில் 2004-இல் வந்த முத்திரை அது. துணி இயற்கைப் பட்டு நூலால் ஆனது என்பதற்கு அது உத்தரவாதம். அந்த எண்ணைச் சரிபார்க்கும் வழியும் இருக்கிறது. ஆனால் ஜரிகையில் வெள்ளி இருக்கிறதா, கைத்தறியா விசைத்தறியா, காஞ்சிபுரத்தில் நெய்ததா என்பதெல்லாம் அந்த முத்திரையின் வேலை கிடையாது. கைத்தறிக்கு 2006-இல் வந்த ஹேண்ட்லூம் மார்க் தனியாக உண்டு. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06-இல் கிடைத்த புவிசார் குறியீடு, அதாவது அந்த ஊர்ப் பொருளுக்கே உரிய பெயருக்கான சட்ட அங்கீகாரம், அதிலிருந்தும் வேறானது. ஒன்று இருந்தால் மற்றதும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

முத்திரை இல்லாத புடவையை வாங்கிவிட்டீர்கள், சந்தேகமாக இருக்கிறது என்றால் நூலை எரித்துப் பார்க்கலாம். இதில் பலரும் ஒரு நூலை மட்டும் உருவிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். நீளவாட்டில் ஓடும் பாவில் பட்டும், குறுக்கே ஓடும் ஊடையில் செயற்கை நூலும் போட்டு நெய்த புடவைகள் சந்தையில் உண்டு. அதனால் இரண்டையும் பார்க்க வேண்டும். முந்தியின் ஓரத்தில் குஞ்சம் கட்டாமல் தொங்கும் நூல் பாவு நூல். ரவிக்கைத் துண்டின் வெட்டு ஓரத்திலிருந்து குறுக்காக உருவினால் வருவது ஊடை நூல். இரண்டையும் தனித்தனியாகச் சுருட்டி, ஒரு தட்டில் வைத்துத் தீக்குச்சியைக் காட்டுங்கள். பட்டாக இருந்தால் முடி கருகும் நாற்றம் வரும், நெருப்பை எடுத்ததும் எரிவது அடங்கும், மிஞ்சும் கரி விரலில் தேய்த்தால் பொடியாகிவிடும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணி மாதிரி நிற்கும், நசுக்கினாலும் உடையாது. காகிதம் எரிகிற வாசனை வந்தால் அது ரேயான் அல்லது பருத்தி.

ஜரிகையைப் பற்றிக் கேட்காமல் வருவது

என் கணக்கில் பணம் அதிகம் வீணாவது இங்கேதான். ஒரே மாதிரி மின்னும் இரண்டு புடவைகளில் ஒன்றின் விலை இன்னொன்றைப் போலப் பல மடங்கு இருப்பதற்கு ஜரிகைதான் பெரும்பாலும் காரணம்.

அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசியது. ‘தங்க ஜரிகை’ என்று சொன்னாலும் அதில் தங்கம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. மதிப்பு வெள்ளியில்தான் இருக்கிறது. வெள்ளி விலை ஏறினால் புடவை விலை ஏறுவதும் அதனால்தான். அடுத்தது கடைக்காரர்கள் ‘டெஸ்டட்’, ‘ஹாஃப் ஃபைன்’ என்று சொல்லும் ரகம். உள்ளே செம்புக் கம்பி, வெள்ளி பெயருக்கு இருக்கும் அல்லது இருக்காது. கடைசியாக பாலியஸ்டர் ஜரிகை. அது உலோக நிறம் ஏற்றிய பிளாஸ்டிக்தான்.

ஜரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்பு நூல் தெரிய வேண்டும், தெரிந்தால் அசல் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் காலத்துக்கு அது சரியான சோதனைதான். இப்போது எந்த நூலுக்கும் சிவப்புச் சாயம் ஏற்றலாம் என்பதால் இதை மட்டும் நம்பி இருபதாயிரம், முப்பதாயிரம் கொடுக்கக் கூடாது. ஜரிகையில் என்ன உலோகம் எத்தனை சதவீதம் என்று எக்ஸ்-ரே கருவியில் வைத்துப் பார்த்தால் புடவைக்குச் சேதம் இல்லாமல் தெரிந்துவிடும். முகூர்த்தப் புடவை அளவுக்குச் செலவு செய்கிறவர்கள் ‘டெஸ்ட் ரிப்போர்ட் உண்டா?’ என்று கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

டெஸ்டட் ஜரிகைப் புடவை வாங்குவது தப்பு என்று சொல்லவில்லை. தீபாவளிக்கும் கொலுவுக்கும் கட்ட அது தாராளமாகப் போதும். அசல் ஜரிகைக்கான விலையைக் கொடுத்து அதை வாங்குவதுதான் தப்பு. பத்து, இருபது வருடம் கழித்துப் பழைய பட்டுப்புடவையை எடைக்குக் கொடுக்கப் போகும்போதுதான் பலருக்கு உண்மை தெரியவருகிறது.

கரையைத் திருப்பிப் பார்க்காமல் எடுப்பது

காஞ்சிபுரத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்கு ஓடும் ஊடை நூல் கரைக்குள் நுழையாது, கரைக்கென்று தனி நாடா (ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகும் தறிக் கருவி) ஓடும். இரண்டு நூலும் சேரும் இடத்தில் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்பும். மூன்று நாடா வேண்டும். வழக்கமாக நெசவாளருக்குப் பக்கத்தில் இன்னொருவர் இருந்து ஒரு பக்கத்து நாடாவைத் தள்ளிக் கொடுப்பார். இரண்டு பேர் உழைப்பு, கூடுதல் நாட்கள். விலை கூடாமல் எப்படி இருக்கும்?

இதைக் கடையிலேயே பார்த்துவிடலாம். கரையும் உடலும் சேரும் இடத்தைத் திருப்பிப் பிடித்து விரலால் தடவுங்கள். கோர்வையாக இருந்தால் அந்தக் கோட்டில் லேசாக நெருடும், இரண்டு நிற நூலும் மாறிமாறிப் பிடித்திருப்பது தெரியும். அப்புறம் கரையின் வெளி ஓரத்தைப் பாருங்கள். அங்கே உடலின் நிறத்து நூல் வந்து திரும்பிப் போகிறது என்றால் அது கோர்வை இல்லை. உதாரணமாக, பச்சை உடலுக்கு அரக்குக் கரை என்றால், கோர்வை இல்லாத புடவையில் அரக்கோடு பச்சையும் கலந்து கரை கொஞ்சம் மங்கித் தெரியும். கோர்வையில் அரக்கு முழு அரக்காகவே நிற்கும். ஒரு தடவை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டால் பிறகு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

கைத்தறியா விசைத்தறியா என்பது அப்படித் தடவிப் பார்த்துச் சொல்லக்கூடியது இல்லை. பழகிய கண்களே திணறும். முத்திரையைப் பாருங்கள், பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

பில்லில் எழுதச் சொல்வதை நம் ஊரில் மரியாதைக் குறைவாக நினைக்கிறார்கள். “பரம்பரையாக வாங்குகிற கடை, எப்படிக் கேட்பது?” என்று தயங்குவார்கள். “அண்ணா, பட்டு, ஜரிகை, கைத்தறி மூன்றையும் பில்லில் போட்டுக் கொடுங்க” என்று சாதாரணமாகக் கேட்டால் போதும். நேர்மையான கடையில் முகம் சுளிக்க மாட்டார்கள். பின்னால் சிக்கல் வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுவதற்கும், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதற்கும் அந்த ஒரு வரிதான் கையில் இருக்கும் ஆதாரம்.

ஊரை நம்பி ஏமாறுவது, எடையை நம்பி ஏமாறுவது

காஞ்சிபுரத்துக்கே போய் வாங்கினால் எல்லாம் அசல் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். பட்டு நூலில் பெரும்பகுதி கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகையில் நிறைய சூரத்திலிருந்து வருகிறது. காஞ்சிபுரத்தின் பங்கு நெசவு. வேறு ஊர்களில் நெய்த புடவையும் காந்தி ரோட்டு அலமாரியில் அடுக்கியிருக்கலாம். ஆட்டோக்காரர் கூட்டிப்போகும் கடையில் அவருக்கான கமிஷனும் புடவை விலையிலேயே இருக்கும். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் விற்பனை நிலையத்தையும் கோ-ஆப்டெக்ஸையும் முதலில் ஒரு சுற்றுப் பார்த்து விலை தெரிந்துகொண்டு, பிறகு தனியார் கடைக்குப் போவது நல்லது.

காஞ்சிபுரம் என்ற பெயருக்காகவே கூடுதல் பணம் கொடுப்பதும் எல்லா நேரத்திலும் அவசியமில்லை. ஆரணிப் பட்டுக்கும் திருபுவனம் பட்டுக்கும் சொந்தமாகவே புவிசார் குறியீடு உண்டு. ஆரணி எடை குறைவாக, நாள் முழுக்கக் கட்டிக்கொண்டு வேலை பார்க்க வசதியாக இருக்கும்.

கையில் தூக்கிப் பார்த்து, கனமாக இருந்தால் உசத்தி என்பதும் தவறு. செம்பு ஜரிகையும் கனக்கும், கஞ்சியும் கனக்கும்.

மடிப்போடு பார்த்து வாங்குவது

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை தி.நகரில் நிற்க இடம் கிடைத்தாலே பெரிய விஷயம். அந்தக் கூட்டத்தில் முந்தியையும் கொஞ்சம் உடலையும் மட்டும் பார்த்துவிட்டு ‘பேக் பண்ணுங்க’ என்று சொல்லிவிடுகிறோம். புடவையை முழுதாகப் பிரிக்கச் சொல்லுங்கள். ஐந்தரை மீட்டரையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், ரொம்ப நாள் ஒரே மடிப்பில் கிடந்த புடவையில் மடிப்புக் கோட்டில் ஜரிகை ஒடிந்திருப்பதும் நூல் விலகியிருப்பதும் தெரிந்துவிடும். ஆடித் தள்ளுபடியில் இது ரொம்ப முக்கியம்.

நிறத்தைக் கடை விளக்கில் முடிவு செய்யாதீர்கள், வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். அதிலும் மயில் கழுத்து மாதிரி பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் போட்ட டபுள் ஷேட் புடவை உள்ளே ஒன்றாகவும் வெளியே வேறாகவும் தெரியும்.

எந்த நாளில், எத்தனை மணி நேரம் கட்டப்போகிறோம் என்று யோசிக்காமல் எடுப்பதும் இதோடு சேர்ந்தது. ஐப்பசி என்றாலே சென்னையில் மழை. சந்தன நிற உடலும் வெளிர் கரையும் தீபாவளியன்று வாசலைத் தாண்டினால் சேறாகிவிடும். முகூர்த்தப் புடவைக்கு வேறு கவலை. ஹோமப் புகை, நெய், மஞ்சள் அட்சதை, சந்தனம், குங்குமம் எல்லாம் அதன்மேல்தான் விழும். என்னைக் கேட்டால் அரக்கும் மாம்பழ மஞ்சளும் மணவறைக்கு வழிவழியாக நிலைத்ததில் இந்த அனுபவ அறிவும் இருக்கிறது. மடிசார் கட்டும் வழக்கம் உள்ள வீட்டில் ஒன்பது கஜப் புடவையை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பிடித்த நிறத்தில் ஆறு கஜத்தை எடுத்துவிட்டுக் கடைசி வாரத்தில் அலைகிற வீடுகள் நிறைய.

ரவிக்கையில் நடப்பவை

புடவையோடு வரும் ரவிக்கைத் துண்டு பெரும்பாலும் 80 சென்டிமீட்டர். முழங்கை வரை கை வைக்க நினைத்தாலோ உடம்பு வாகு கொஞ்சம் பெரிதாக இருந்தாலோ இது பத்தாது. வாங்கும்போதே அளந்து பார்த்து, தேவைப்பட்டால் தனித் துணி எடுத்துவிடுங்கள். தையற்காரர் போதவில்லை என்று புடவையிலிருந்து இன்னும் கொஞ்சம் வெட்டினால் கொசுவத்துக்குத் துணி குறைந்துவிடும். லைனிங் துணியையும் ஃபால்ஸையும் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த பிறகே தைக்கக் கொடுங்கள். இல்லாவிட்டால் முதல் துவைப்பில் அவை சுருங்கி, பட்டு சுருக்கம் சுருக்கமாகக் கிடக்கும்.

அகலக் கரையும் நிறைய புட்டாவும் உள்ள புடவைக்கு முதுகு, கை முழுவதும் ஆரி வேலை செய்து, மேலே காசுமாலையும் போட்டால் நெய்தவரின் உழைப்பு யார் கண்ணிலும் படாது. கரை பெரிது என்றால் ரவிக்கை எளிமையாக இருக்கட்டும். சாதா உடலும் சின்னக் கரையும் என்றால் ஆரி வேலைக்கு இடம் இருக்கிறது. பண்டிகைக்குச் சில வாரம் முன்பே தையற்காரர்கள் ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிடுவார்கள் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டும்போது

சாட்டின் உள்பாவாடையின் மேல் கனமான பட்டு நிற்காது, வழுக்கிக்கொண்டே இருக்கும். பருத்தி உள்பாவாடையை இறுக்கிக் கட்டுங்கள். போடப்போகும் செருப்பைப் போட்டுக்கொண்டே கட்டினால் உயரம் சரியாக அமையும். ஊக்கை ஒற்றைத் துணியில் குத்தினால் இழுபட்டு ஓட்டை விழும். மடிப்புகளைச் சேர்த்துப் பிடித்து, நடுவில் ஒரு சின்ன மணியையோ துண்டுத் துணியையோ கோத்துக் குத்தினால் பட்டு பிழைக்கும்.

முதல் நாளே மடிப்பெடுத்து இஸ்திரி போட்டு வைக்கும் ப்ரீ ப்ளீட்டிங் இப்போது எல்லா ஊரிலும் வந்துவிட்டது. கொடுப்பதற்கு முன் ஜரிகை என்ன ரகம் என்று அவர்களிடம் சொல்லிவிடுங்கள். பாலியஸ்டர் ஜரிகை சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் சுருண்டுவிடும்.

கட்டிக்கொண்ட பிறகு சென்ட் அடிப்பது வெள்ளி ஜரிகையைக் கறுக்கவைக்கும். முன்பே உடம்பில் போட்டு, காய்ந்த பிறகு புடவையைக் கட்டுங்கள்.

கட்டி முடித்த பின்

வீட்டுக்கு வந்ததும் வியர்வையோடு மடித்து பீரோவில் வைக்காதீர்கள். இரவு முழுவதும் நிழலில் காற்றாடப் போட்டுவிட்டு மறுநாள் மடியுங்கள். நெய், சந்தனக் கறை பட்டிருந்தால் வீட்டில் சோப்புப் போட்டுத் தேய்க்காமல், என்ன கறை என்று சொல்லி ட்ரை கிளீனிங்குக்குக் கொடுங்கள். பிளாஸ்டிக் கவரில் ஈரம் தங்கும். பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றுவது நல்லது. ஜரிகை மேல் நாப்தலின் உருண்டை படக் கூடாது, வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து பக்கத்தில் வைத்தால் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, மடிப்புக் கோட்டை மாற்றி மடியுங்கள். பில்லையும் சில்க் மார்க் அட்டையையும் தூக்கிப் போடாமல் ஒரு உறையில் போட்டுப் புடவையோடேயே வையுங்கள்.