நீச்சல் கிளப், பயிற்சியாளர் வேலை, பண மோசடி வலை: கொங்குப் பகுதிக்கு ஒரு நடைமுறைக் கையேடு

பங்குனி பிறந்தால் போதும், கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் நீச்சல் போஸ்டர்கள் வர ஆரம்பித்துவிடும். கோடைப் பயிற்சி, மாவட்டத் தேர்வு, 'பயிற்சியாளர்கள் தேவை' என்று பலவிதம். பெரும்பாலானவை நிஜமானவைதான். அவற்றோடு கலந்து வருவதால்தான் போலியைப் பிரித்துப் பார்ப்பது கடினமாகிறது.

பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோர், வேலை தேடும் பயிற்சியாளர், கிளப் பொருளாளர் ஆகிய மூவருக்கும் முதல் விதி ஒன்றுதான். ஒரு செய்தி எந்த வழியாக வந்ததோ, அதே வழியில் அதைச் சரிபார்க்காதீர்கள். போஸ்டரில் இருக்கும் எண்ணுக்கே கூப்பிட்டு "இது நெசந்தானுங்களா?" என்று கேட்டால், ஆமாங்க என்றுதான் பதில் வரும். எண்ணை நீங்களே வேறோர் இடத்தில் தேடி எடுத்து, அங்கே கேளுங்கள்.

போட்டிச் செய்தி வரும் வழிகள்

தமிழ்நாட்டில் நீச்சல் போட்டிகள் தனித்தனி வாய்க்கால்களில் ஓடுகின்றன. ஒன்று சங்க வழி: மாவட்ட நீச்சல் சங்கம், அதற்கு மேல் தமிழ்நாடு மாநில நீச்சல் சங்கம், அதற்கும் மேல் இந்திய நீச்சல் சம்மேளனம். சப்-ஜூனியர், ஜூனியர், சீனியர் தேசியப் போட்டிகளுக்கு இந்த வழியில்தான் போக முடியும். இன்னொன்று பள்ளிக் கல்வித்துறை வழி: பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் மூலம் பெயர் போய், மாவட்டம், மாநிலம் என்று ஏறி, இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் தேசியப் போட்டியில் முடியும். மூன்றாவது, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் முதலமைச்சர் கோப்பை. கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழக வழி தனி.

மோசடிப் போஸ்டரை எழுதுகிறவர் பெரும்பாலும் இந்த வழிகளைக் குழப்பிவிடுவார். பள்ளிக் கூட்டமைப்பின் தேர்வைத் தனியார் கிளப் நடத்துவதாகவோ, முதலமைச்சர் கோப்பைக்கு ஒரு தனிநபரின் ஜிபே எண்ணில் நுழைவுக் கட்டணம் கட்டச் சொல்வதாகவோ இருந்தால், அங்கேயே நிறுத்திவிடுங்கள். பள்ளிப் போட்டியைப் பற்றி உடற்கல்வி ஆசிரியரைக் கேளுங்கள். முதலமைச்சர் கோப்பை பற்றி மாவட்ட விளையாட்டு அலுவலகத்தைக் கேளுங்கள். சங்கப் போட்டியைப் பற்றி உங்கள் கிளப் செயலாளரைக் கேளுங்கள்: "ஏனுங்க, சங்கத்திலிருந்து சுற்றறிக்கை வந்துச்சுங்களா? அதைக் காட்டுங்க." போஸ்டர் வேறு, சுற்றறிக்கை வேறு. உண்மையான சுற்றறிக்கையில் குளத்தின் நீளம் 25 மீட்டரா 50 மீட்டரா, எந்தப் பிறந்த ஆண்டுக்காரர் எந்தப் பிரிவு, ஒருவர் எத்தனை பந்தயங்களில் நீந்தலாம், பந்தயத்துக்கு எவ்வளவு கட்டணம், பெயர் தரக் கடைசி நாள், அனுப்பும் சங்கத்தின் பெயரும் பொறுப்பாளரின் கையெழுத்தும் இருக்கும். பரிசுத் தொகையும் சான்றிதழ் படமும் மட்டும் பெரிதாக இருந்து இவை எதுவும் இல்லையென்றால் அதை நம்பாதீர்கள்.

அங்கீகாரமுள்ள சங்கப் போட்டியில் நீந்த, சம்மேளனத்தின் அடையாள எண் பதிவு தேவை. அதற்கு முக்கியமான ஆவணம் பிறப்புச் சான்றிதழ். ஆதாரிலும் பள்ளிச் சான்றிதழிலும் பிறந்த தேதி வேறுவேறாக இருந்தால் போட்டிக்கு முந்தின வாரம் அலைய வேண்டி வரும். சேர்க்கும்போதே சரிசெய்துகொள்ளுங்கள். "வயசை ஒரு வருசம் கம்மியா போட்டுத் தர்றேன்" என்று யாராவது காசு கேட்டால் அந்த ஆளிடமிருந்து விலகிவிடுங்கள். பின்னாளில் பிடிபட்டால் தடை பிள்ளைக்குத்தான் விழும்.

'இந்தோ' என்று தொடங்கி ஏதோவொரு நாட்டின் பெயரில் முடியும் 'சர்வதேசப் போட்டி'கள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கட்டணம் பல ஆயிரம், பயணம் தனி, போனவர்களுக்கெல்லாம் பதக்கம். பொறியியல் கலந்தாய்விலும் அரசு வேலையிலும் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு, அங்கீகரிக்கப்பட்ட அமைப்பு நடத்திய போட்டியின் சான்றிதழ்தான் செல்லும். பணம் கட்டுவதற்கு முன் சுற்றறிக்கையை எடுத்துக்கொண்டு மாவட்ட விளையாட்டு அலுவலகம் போய், "இந்தச் சான்றிதழ் ஒதுக்கீட்டுக்குச் செல்லுமா?" என்று கேளுங்கள். ஒரு காலைப் பொழுது அதற்குச் செலவாகும், அவ்வளவுதான்.

கிளப்பில் சேர்க்கும் முன்

பெரும்பாலான கிளப்புகள் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவானவையாகவோ, தனியார் நிறுவனமாகவோ இருக்கும். எதுவானாலும் பதிவுப் பெயரும் வங்கிக் கணக்குப் பெயரும் ரசீதின் மேலே உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். யுபிஐயில் தொகையை அழுத்தியதும், பணம் பெறுகிறவரின் வங்கிக் கணக்குப் பெயர் திரையில் வரும். ரகசிய எண்ணைப் போடும் முன் அந்தப் பெயரை வாசியுங்கள். சுவரில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டையின் மேல் வேறோர் அட்டையை ஒட்டிவிட்டுப் போவது பழைய தந்திரம். பெயரை வாசித்தால் அதுவும் பிடிபட்டுவிடும்.

ஒரு வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் பாதி தள்ளுபடி என்பார்கள். குளம் அவர்களுடையதா, வாடகைக்கா என்று முதலில் கேளுங்கள். பள்ளிக் குளத்தையோ அப்பார்ட்மென்ட் குளத்தையோ வாடகைக்கு எடுத்து நடத்துகிறவர்களுக்கு ஒப்பந்தம் முடிந்தால் பயிற்சியும் நின்றுவிடும். மாதாமாதம் கட்டுவது சற்றுக் கூடுதலாக இருந்தாலும் பாதுகாப்பு. "ஆயுள் உறுப்பினர் ஆகுங்க, போட்ட பணத்துக்கு மாதம் இவ்வளவு திரும்பி வரும்" என்றால் அது நீச்சல் கிளப் அல்ல, வைப்புத்தொகைத் திட்டம். பெருந்துறையை மையமாக வைத்து நடந்த ஈமு கோழித் திட்டங்கள் 2012இல் சரிந்தபோது இந்த ஊர்கள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். மாதாமாதம் வருமானம் என்ற வாக்குறுதிதான் அங்கேயும் தூண்டில். இத்தகைய புகார்களை 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பொருளாதாரக் குற்றப் பிரிவு எடுத்துக்கொள்ளும்.

காகிதம் பார்த்த பிறகு தண்ணீரையும் பாருங்கள். ஆழமான பகுதியின் அடித்தரையும் வடிகால் மூடியும் கரையிலிருந்து தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மூழ்கிய பிள்ளையும் தெரியாது. குளோரின் 1 முதல் 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் பங்கு), தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 7.2 முதல் 7.8 என்பது நல்ல அளவு. அன்றைய அளவைப் பலகையில் எழுதுகிறார்களா என்று பாருங்கள். மூக்கைத் துளைக்கும் நாற்றம் வந்தால் குளோரின் அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேர்ந்து குளோரமைன் ஆகும்போதுதான் அந்த நாற்றமும் கண் எரிச்சலும் வரும். தண்ணீரைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்பதற்கு அது அடையாளம். பந்தயத் தொடக்கத்தில் குதிக்கும் மேடை இருந்தால், சுவரிலிருந்து 1 மீட்டர் தொடங்கி குறைந்தது 6 மீட்டர் வரை ஆழம் 1.35 மீட்டருக்குக் குறையக் கூடாது என்பது உலக நீச்சல் கூட்டமைப்பின் விதி. அதற்குக் குறைந்த ஆழத்தில் மேடையிலிருந்து தலைகீழாகக் குதிக்க விடும் இடத்தில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள். கழுத்தெலும்பு முறிவு அப்படித்தான் நடக்கிறது.

பெற்றோர் உட்கார்ந்து பார்க்க இடமில்லை, வரக் கூடாது என்று சொல்லும் இடமும் வேண்டாம். குழந்தை சொல்லும் எந்தச் சங்கடத்தையும் நம்புங்கள். குழந்தைகள் உதவி எண் 1098.

பயிற்சியாளர் வேலை

வேலை இருக்கிறது. கோவை, திருப்பூர் பக்கம் குளம் உள்ள தனியார் பள்ளிகள், அப்பார்ட்மென்ட்கள், கிளப்புகள் ஏப்ரல், மே மாதங்களுக்கு ஆள் தேடுகின்றன. பெண்கள் நேரத்துக்குப் பெண் பயிற்சியாளர்கள் போதவில்லை. வேலை தேடுகிறவர்கள் மார்ச் வரை காத்திருக்காமல் ஜனவரியிலேயே குளங்களுக்கு நேரில் போய் விண்ணப்பம் கொடுங்கள். பள்ளிகள் அந்தச் சமயத்தில்தான் கோடைத் திட்டத்தை முடிவு செய்கின்றன.

தகுதிகளில் நாட்டில் அதிகம் மதிக்கப்படுவது பட்டியாலா நேதாஜி சுபாஷ் தேசிய விளையாட்டு நிறுவனத்தின் டிப்ளமோ. அது ஒரு வருடப் படிப்பு. அதே நிறுவனம் ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பும் நடத்துகிறது. பள்ளிகள் உடற்கல்விப் பட்டம் கேட்கும். இவற்றோடு உயிர்காப்புப் பயிற்சி கட்டாயம் வேண்டும். ராஷ்ட்ரிய லைஃப் சேவிங் சொசைட்டி நடத்தும் படிப்பு அதற்கு ஏற்றது. சிபிஆர் (மூச்சும் இதயமும் நின்றவருக்கு மார்பை அழுத்தி, மூச்சுக் கொடுத்துச் செய்யும் முதலுதவி) தெரியாத பயிற்சியாளரைக் கரையில் நிறுத்தவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

போலிச் சான்றிதழ் விற்பவர்களும் இங்கேதான் வருகிறார்கள். 'பத்து நாளில் ஆன்லைனில் பட்டியாலா டிப்ளமோ' என்பது பொய். இன்னொரு எளிய சோதனை: உலக நீச்சல் அமைப்பு 2022 டிசம்பரில் 'ஃபினா' என்ற பழைய பெயரை விட்டு 'வேர்ல்ட் அக்வாடிக்ஸ்' ஆனது. 2024, 2025 தேதி போட்டு ஃபினா முத்திரையோடு பயிற்சியாளர் உரிமம் விற்றால் அது அச்சகத்தில் செய்தது.

வேலைக்கு எடுப்பவரிடம் முதல் நாளே எழுதி வாங்க வேண்டியவை உண்டு: மாதச் சம்பளமா தலைக்கு இவ்வளவா, மழைக்கும் பழுதுக்கும் குளம் மூடினால் சம்பளம் உண்டா, ஒரு நேரத்தில் எத்தனை பிள்ளைகள், உயிர்காப்பாளர் தனியாக இருக்கிறாரா. தண்ணீர் பயம் போகாத புதுப் பிள்ளைகள் என்றால் ஒருவருக்கு ஆறு முதல் எட்டுப் பேருக்கு மேல் ஏற்காதீர்கள். பயிற்சியாளரே உயிர்காப்பாளரும் என்று சொன்னால் மறுத்துவிடுங்கள். ஒரு பிள்ளையின் கையைத் திருத்தும்போது மற்றவர்களுக்கு முதுகு காட்டித்தான் நிற்க வேண்டியிருக்கும்.

இங்கே வரும் பிள்ளைகளில் சிலர் தோட்டத்துக் கிணற்றில் சுரைப்புருடையோ (காய்ந்த சுரைக்குடுக்கை) கேனோ கட்டி நீந்தப் பழகியிருப்பார்கள். ஆழத்துக்கு அஞ்ச மாட்டார்கள், ஆனால் தலையைத் தூக்கியே நீந்துவார்கள். தலை மேலே இருந்தால் இடுப்பும் காலும் கீழே போகும். அவர்களுக்குக் கை வீச்சைத் திருத்தும் முன் முகத்தைத் தண்ணீரில் வைத்து மூச்சு விடுவதைச் சொல்லிக்கொடுங்கள். அது பழகினால் கால் தானாக மேலே வரும்.

பயிற்சியாளரைக் குறிவைக்கும் வலைகள்

வேலை தருவதற்கு முன் பதிவுக் கட்டணம், சீருடைப் பணம், காவல்துறைச் சரிபார்ப்புக் கட்டணம் என்று கேட்பவர் வேலை தரப் போவதில்லை. சரிபார்ப்புச் சான்றுக்குத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் நீங்களே நேரடியாக விண்ணப்பிக்கலாம்.

இதைவிட நுணுக்கமானது 'ராணுவ அதிகாரி' தந்திரம். சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்தோ குன்னூர் பக்கத்து வெலிங்டன் ராணுவ மையத்திலிருந்தோ பேசுவதாகச் சொல்லி, இந்தியில் கனிவாகப் பேசி, "மூன்று பிள்ளைகளுக்கு ஒரு மாதப் பயிற்சி, முன்பணம் முழுவதும் இப்போதே தருகிறேன்" என்பார். அடையாள அட்டைப் படமும் அனுப்புவார். பிறகு பணம் பெற ஒரு க்யூஆரை ஸ்கேன் செய்யச் சொல்வார், அல்லது ஒரு ரூபாய் அனுப்பிப் பார்க்கச் சொல்வார். பணம் பெறுவதற்கு ஸ்கேனும் வேண்டாம், ரகசிய எண்ணும் வேண்டாம். பணம் வாங்க ரகசிய எண்ணைத் தட்டச் சொன்னால், பணம் உங்களிடமிருந்து போகிறது என்றுதான் பொருள்.

இதன் இன்னொரு வடிவம், "ஐயாயிரத்துக்குப் பதில் ஐம்பதாயிரம் போட்டுட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்க" என்பது. கூடவே ஒரு குறுஞ்செய்தியும் வரும். பத்து இலக்க சாதாரண எண்ணிலிருந்து வங்கி வரவுச் செய்தி வராது. வங்கிச் செயலியைத் திறந்து இருப்பைப் பாருங்கள். உண்மையிலேயே அதிகப்படியாக வந்திருந்தாலும் நீங்களாகத் திருப்பி அனுப்பாமல், அனுப்பியவரைத் தன் வங்கியில் புகார் கொடுக்கச் சொல்லுங்கள், உங்கள் வங்கிக்கும் எழுதிக் கொடுங்கள். திருட்டுப் பணத்தைக் கைமாற்றவும் இதே வழியைப் பயன்படுத்துகிறார்கள். பிறகு உங்கள் கணக்கு முடங்கும். 'ஸ்பான்சர் பணம் வாங்க உங்க கணக்கைக் கொடுங்க, கமிஷன் தர்றோம்' என்பதும் அதே குழிதான்.

வளைகுடாவில் பயிற்சியாளர், உயிர்காப்பாளர் வேலை என்றால் முகவரின் பெயர் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் ₹30,000, ஜிஎஸ்டி தனி. சுற்றுலா விசாவில் போகச் சொன்னால் போகாதீர்கள். அப்படிக் கம்போடியா, மியான்மர் போனவர்கள் இணைய மோசடிக் கூடங்களில் அடைபட்டிருக்கிறார்கள்.

கிளப் பொருளாளருக்கு

தலைவரின் படம் வைத்த புது எண்ணிலிருந்து "மீட்டிங்ல இருக்கேன், டைமிங் மிஷின்காரருக்கு உடனே இதைப் போடுங்க" என்று செய்தி வந்தால், தலைவரின் பழைய எண்ணுக்குக் கூப்பிடுங்கள். குளோரின், மோட்டார் கொடுப்பவரின் கணக்கு எண் மாறிவிட்டதாகக் கடிதம் வந்தாலும் அதே முறைதான். பழைய பில்லில் உள்ள எண்ணில் பேசி உறுதி செய்தபிறகே மாற்றுங்கள். இரண்டு பேர் ஒப்புதல் இல்லாமல் பணம் போகாதபடி வங்கியில் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். கட்டணத்தைப் பொருளாளரின் சொந்த ஜிபேயில் வாங்குவது இன்றும் பல கிளப்புகளில் வழக்கம். நேர்மையான பொருளாளருக்கே அது ஆபத்து, கணக்குக் கேட்கும் நாளில் அவரிடம் காட்ட எதுவும் இருக்காது.

குழுவில் 'போட்டி அட்டவணை' என்ற பெயரில் ஏபிகே கோப்பு வந்தால் யாரும் திறக்க வேண்டாம் என்று உடனே எழுதி, அதை நீக்கிவிடுங்கள். அட்டவணை பிடிஎஃப்பாகவோ படமாகவோதான் வரும். ஏபிகே என்பது செயலி. நிறுவினால் உங்கள் ஓடிபி செய்திகளை அது படித்துவிடும்.

பணம் போய்விட்டால்

முதலில் சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்குக் கூப்பிடுங்கள். எத்தனை சீக்கிரம் சொல்கிறீர்களோ, அடுத்த கணக்குக்குத் தாவும் முன் பணத்தை நிறுத்திவைக்க அத்தனை வாய்ப்பு. கூப்பிடும்போது பரிவர்த்தனையின் 12 இலக்க எண், நேரம், தொகை, பெற்றவரின் யுபிஐ முகவரி, உங்கள் வங்கியின் பெயர் ஆகியவை கையில் இருக்கட்டும். அடுத்து உங்கள் வங்கி, அதன்பின் தேசிய சைபர் குற்றப் புகார் தளம். நீங்கள் ரகசிய எண் போடாமலே, உங்கள் தவறின்றிப் பணம் போயிருந்தால், வங்கியின் செய்தி வந்த மூன்று வேலை நாட்களுக்குள் வங்கியில் சொல்லிவிட வேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி அப்போதுதான் இழப்பு உங்கள் மேல் விழாது. நீங்களே ரகசிய எண் போட்டு அனுப்பியிருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைப்பது கடினம். அதனால் 1930 இன்னும் அவசரம்.

உரையாடலை அழிக்காதீர்கள், அந்த எண்ணைத் தடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் படம் எடுத்துவையுங்கள். மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்துக்குப் போகும்போது வங்கி அறிக்கையின் அச்சுப்படியும் போஸ்டரின் படியும் கொண்டுபோங்கள். மனு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். சில வாரங்களில் "உங்க பணத்தை மீட்டுத் தர்றோம், ஐந்து சதவீதம் முன்பணம்" என்று ஒருவர் கூப்பிடலாம். அவர் காவல்துறை என்றே சொன்னாலும், மனு ரசீதில் உள்ள காவல் நிலையத்துக்கு நீங்களே கூப்பிட்டு விசாரியுங்கள்.