சேலத்தில் உட்கார்ந்து சர்வதேச ஐஸ் ஹாக்கி பார்ப்பது எப்படி: புதியவர்களுக்கான செய்முறை

ஐஸ் ஹாக்கியை முதல் தடவை போட்டுப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் பத்து நிமிடத்தில் கைவிட்டுவிடுகிறார்கள். பக் எங்கே போனது என்று தேடியே கண் களைத்துவிடுகிறது. பக் என்பது தட்டுவடையைவிடச் சற்றே பெரிய ரப்பர் வட்டு. குறுக்களவு 7.62 செ.மீ., தடிமன் 2.54 செ.மீ. ஓங்கி அடித்தால் மணிக்கு 150 கி.மீ. வேகத்தைத் தொடும். அதைக் கண்ணால் துரத்தி மாளாது. தளத்தில் இப்போது எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணப் பழகுங்கள். கோல் எப்போது விழக்கூடும், எப்போது எழுந்து தண்ணீர் குடிக்கப் போகலாம், எப்போது நகரவே கூடாது என்பதெல்லாம் அந்த எண்ணிக்கையிலேயே தெரிந்துவிடும். இந்த விளையாட்டின் பரபரப்பு முழுக்க அங்கேதான் இருக்கிறது.

படி 1: ஆட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஆண்கள் உலக சாம்பியன்ஷிப் ஆண்டுதோறும் மே மாதம் நடக்கும். 16 அணிகள், எட்டு எட்டாக இரண்டு பிரிவு. ஒவ்வொரு அணிக்கும் ஏழு லீக் ஆட்டம். பிரிவுக்கு நான்கு அணி காலிறுதிக்குப் போகும். எல்லாம் சேர்த்து 64 ஆட்டம். டிசம்பர் 26 வாக்கில் தொடங்கி ஜனவரி முதல் வாரத்தில் முடிவது 20 வயதுக்குட்பட்டோர் தொடர். பெண்கள் உலக சாம்பியன்ஷிப்பில் கனடாவும் அமெரிக்காவும் மோதும் ஆட்டத்தைத் தவறவிடாதீர்கள். அந்த இரண்டு அணிகளுக்கும் இடையே பெரும்பாலும் ஒரே ஒரு கோல்தான் வித்தியாசம்.

முதல் ஆட்டமாக இறுதிப்போட்டியைப் பார்க்க வேண்டாம். ஸ்வீடன், ஃபின்லாந்து, செக்கியா, சுவிட்சர்லாந்து ஆகிய நான்கில் ஏதாவது இரண்டு மோதும் லீக் ஆட்டமே நல்ல தொடக்கம். 8-0 என்று முடியும் ஒருபக்க ஆட்டம் எதையும் கற்றுத் தராது. லீக்கின் கடைசி நாட்களில் அட்டவணையின் அடியில் இருக்கும் அணிகள் மோதுவதையும் பாருங்கள். பிரிவில் கடைசியாக வரும் அணி கீழ்நிலைக்கு இறங்கிவிடும் என்பதால் அந்த ஆட்டங்களில் உயிரைக் கொடுத்து ஆடுவார்கள். சின்ன நாடுகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு லாட்வியா சாட்சி. 2023-ல் அமெரிக்காவை ஓவர்டைமில் (சமநிலையை முறிக்க ஆடும் கூடுதல் நேரத்தில்) 4-3 என்று வென்று வெண்கலம் வாங்கியதும், அந்த நாட்டின் நாடாளுமன்றம் இரவோடு இரவாகக் கூடி மறுநாளைப் பொது விடுமுறையாக்கியது.

இந்திய ரசிகர்கள் லடாக் பெண்களையும் மறக்கக் கூடாது. அவர்களே பெருவாரியாக இருக்கும் இந்திய மகளிர் அணி 2025-ல் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் நகரில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்றது.

படி 2: நேரத்தை மாற்றிக் குறித்துக்கொள்ளுங்கள்

மே மாதத்தில் சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, ஸ்வீடன், செக்கியா எல்லாம் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கும். ஃபின்லாந்து, லாட்வியா என்றால் இரண்டரை மணி நேரம். உலக சாம்பியன்ஷிப் ஆட்டங்கள் வழக்கமாக உள்ளூர் நேரம் 12:20, 16:20, 20:20 என்று தொடங்கும். மத்திய ஐரோப்பாவில் நடந்தால் சேலத்துக் கடிகாரத்தில் அது மாலை 3:50, இரவு 7:50, இரவு 11:50. புதியவர்களுக்கு 7:50 ஆட்டமே வசதி. 11:50 ஆட்டம் முடிய அதிகாலை இரண்டேகால் மணியைத் தாண்டிவிடும், ஓவர்டைம் வந்தால் அதற்கும் மேலே. மறுநாள் காலை ஷிஃப்ட் இருப்பவர்கள் யோசித்து உட்காருங்கள்.

குளிர்காலத்தில் கணக்கு மாறும். மத்திய ஐரோப்பா நாலரை மணி நேரம் பின்தங்கும். ஜூனியர் தொடர் வட அமெரிக்காவில் நடந்தால் அங்கே கிழக்குப் பகுதியின் இரவு 7:30 நமக்கு மறுநாள் காலை 6 மணி. ஏற்காட்டு மார்கழிக் குளிரில் காபியோடு பார்ப்பதற்கு அதைவிடப் பொருத்தமான நேரம் கிடையாது.

படி 3: இணைப்பும் திரையும்

சர்வதேச ஐஸ் ஹாக்கி சம்மேளனத்துக்குச் சொந்தமாக ஐஐஎச்எஃப் டிவி என்ற ஸ்ட்ரீமிங் தளம் இருக்கிறது. யூடியூப் சேனலில் ஆட்டச் சுருக்கங்கள் வரும். எந்த ஆட்டம் எந்த நாட்டில் தெரியும் என்பது ஒளிபரப்பு உரிமையைப் பொறுத்து மாறும். அதனால் தொடர் தொடங்கும் முன்பே தளத்தில் கணக்குத் திறந்து, உங்களுக்கு வேண்டிய ஆட்டம் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஆட்டத்துக்கு ஐந்து நிமிடம் முன்பு ஓடிபி வரவில்லை என்று தவிக்க வேண்டாம்.

ஒரு ஆட்டம் கிட்டத்தட்ட இரண்டரை மணி நேரம். 720 தரத்தில் மணிக்கு ஏறத்தாழ ஒன்றரை ஜிபி போகும், அதாவது மொத்தம் நான்கு ஜிபிக்குப் பக்கத்தில். தினசரி 2 ஜிபி பேக் தாங்காது. டேட்டா மிச்சம் பிடிக்க 480-க்கு இறக்கினால் பக் மங்கலான கோடாகிவிடும், சில நேரம் மறைந்தே போகும். பிராட்பேண்ட் இல்லாத மலைக் கிராமங்களில் இருப்பவர்கள் ஆட்ட நாளுக்கு மட்டும் கூடுதல் டேட்டா பேக் போட்டுக்கொள்வது நல்லது. கோடை விழா நடக்கும் நாட்களில் ஏற்காட்டில் கூட்டம் அதிகமாகி டவர் திணறும். அந்த வாரத்தில் மொபைல் இணைப்பை நம்பி முக்கியமான ஆட்டத்தை வைத்துக்கொள்ளாதீர்கள்.

மே மாதம் என்றால் சேர்வராயன் பக்கம் மாலை இடிமழையும் கரண்ட் கட்டும் வரும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும், அது மாறும் கணத்தில் ரவுட்டர் அணைந்து மறுபடி எழுந்து வர இரண்டு மூன்று நிமிடம் ஆகலாம். அதற்குள் ஒரு பவர் பிளே, அதாவது எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் நேரம், முடிந்துவிடும். ரவுட்டருக்கென்று மினி யூபிஎஸ் வாங்கி வையுங்கள். வாங்கும் முன் ரவுட்டர் அடாப்டரின் அடியில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று படியுங்கள். 12 வோல்ட் ரவுட்டருக்கு 9 வோல்ட் வெளியீட்டைச் செருகினால் அது ஒழுங்காக வேலை செய்யாது. ஃபைபர் இணைப்பில் தனியாக ஒரு சின்னப் பெட்டி இருந்தால் அதற்கும் மின்சாரம் வேண்டும். பலர் இதை விட்டுவிட்டு, ரவுட்டர் விளக்கு எரிகிறதே, நெட் ஏன் வரவில்லை என்று குழம்புகிறார்கள்.

டிவியில் மாற்ற வேண்டியது இரண்டு. காட்சியை வழவழப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங்கை அணையுங்கள். அது இல்லாத பிரேம்களைத் தானே இட்டு நிரப்புவதால் பக் விட்டுவிட்டுத் தெரியும். அடுத்து வெளிச்சத்தைக் குறையுங்கள், பனித்தளத்தின் வெள்ளை கண்ணைக் கூசும். ஸ்ட்ரீமில் நொடிக்கு 50 பிரேம் தேர்வு இருந்தால் அதையே எடுங்கள். 150 கி.மீ. வேகத்தில் போகும் பக் 25 பிரேமில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 1.67 மீட்டர் தாவும். 50 பிரேமில் 0.83 மீட்டர்தான்.

ஸ்கோர் ஆப்பின் நோட்டிஃபிகேஷனை அணைத்துவிடுங்கள். ஸ்ட்ரீம் பல நொடிகள் தாமதமாக ஓடும். கோல் விழும் முன்பே போன் சிணுங்கினால் எல்லாம் போச்சு.

படி 4: கோடுகள்

நடுவில் ஒரு சிவப்புக் கோடு, இருபுறமும் நீலக் கோடுகள், கோல் வலைக்கு நேராகக் கோல் கோடு. தாக்கும் அணி ஆட்கள் பக்குக்கு முன்னால் எதிரணியின் நீலக் கோட்டைத் தாண்டிவிட்டால் ஆஃப்சைட். பக் முதலில் போக வேண்டும், ஆட்கள் பின்னால். அவ்வளவுதான்.

ஐசிங் இன்னும் முக்கியம். நடுச்சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம் தன் பாதியில் இருந்துகொண்டு, யார் மீதும் படாமல் எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டும்படி பக்கை அடித்து விரட்டினால் ஐசிங். விசில் ஊதி, ஆட்டம் அடித்த அணியின் கோல் அருகே ஃபேஸ்-ஆஃப்பில் (இரு வீரர்களுக்கு நடுவே நடுவர் பக்கைப் போடுவது) மறுபடி தொடங்கும். தண்டனையின் உறைப்பு அடுத்ததில் இருக்கிறது: ஐசிங் செய்த அணி ஆள் மாற்றக் கூடாது. சாதாரணமாக ஒரு வீரர் 40, 50 நொடிதான் தளத்தில் இருப்பார், பிறகு பெஞ்சுக்கு ஓடிவிடுவார். ஐசிங்கில் மாட்டிக்கொண்டவர்கள் மூச்சிரைக்க அங்கேயே நிற்க வேண்டும். எதிரே புதிய கால்கள் வந்து இறங்கும். குனிந்து, மட்டையை முழங்காலில் வைத்து இளைக்கும் வீரர்களைக் கேமரா காட்டினால் அடுத்த அரை நிமிடம் கண் எடுக்காதீர்கள்.

ஆட்டம் 20 நிமிடம் கொண்ட மூன்று பீரியடுகளாக நடக்கும்; இரண்டாம் பீரியடில் இது இன்னும் கூடும். பக்கம் மாறுவதால் தடுப்பாட்டக்காரர்களுக்குச் சொந்த பெஞ்ச் தூரமாகிவிடுகிறது, களைத்தாலும் மாற முடியாமல் சிக்கிக்கொள்கிறார்கள்.

படி 5: ஆட்களை எண்ணுங்கள்

இயல்பில் பக்கத்துக்கு ஆறு பேர்: கோல்கீப்பர், இரண்டு தடுப்பாளர், மூன்று முன்கள வீரர். கோல்கீப்பரை விட்டுவிட்டு எண்ணினால் ஐந்துக்கு ஐந்து.

காலை வாரியது, மட்டையால் கொக்கி போட்டு இழுத்தது, தன் பகுதியிலிருந்து பக்கைக் கண்ணாடிக்கு மேலே வெளியே அடித்தது போன்ற தவறுகளுக்கு இரண்டு நிமிடம் வெளியே. ஐந்துக்கு நான்கு. எதிரணிக்கு இது பவர் பிளே. கோல் விழுந்துவிட்டால் வெளியே இருப்பவர் உடனே திரும்பலாம். ஐந்து நிமிட மேஜர் தண்டனையில் அந்தச் சலுகை இல்லை, எத்தனை கோல் விழுந்தாலும் முழு நேரமும் உட்கார வேண்டும். தண்டனையில் இருக்கும் அணி பக்கை எவ்வளவு தூரம் விரட்டினாலும் ஐசிங் கிடையாது. ஆகவே அவர்கள் பக்கைத் தூக்கி எறிந்தால் விசில் வரவில்லையே என்று குழம்ப வேண்டாம். இன்னொருவரும் வெளியேறினால் ஐந்துக்கு மூன்று. அதற்குக் கீழே ஆள் குறையாது.

நடுவர் கையை உயர்த்திக்கொண்டே விசில் ஊதாமல் ஓடுவதைக் கவனித்திருப்பீர்கள். தவறு நடந்துவிட்டது, ஆனால் பாதிக்கப்பட்ட அணியிடம் பக் இருப்பதால் ஆட்டத்தை விட்டிருக்கிறார் என்று பொருள். தவறு செய்த அணியின் கைக்குப் பக் போன நொடியில் விசில். எதிரணி கோல் அடிக்க வழியில்லை என்பதால் தாக்கும் அணி கோல்கீப்பரை வெளியே அழைத்து ஆறாவது ஆளை இறக்கும். தங்கள் பாஸே வழிதவறித் தங்கள் காலி வலைக்குள் போனால் மட்டும் கோல்தான்.

இடைவேளை 15 நிமிடம், இரண்டு முறை வரும். தட்டுவடை செட் போடுவதானால் துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம், சட்னி எல்லாம் முன்பே தயாராக இருக்கட்டும், ஆனால் இடைவேளையில்தான் அடுக்குங்கள். முன்னதாகச் சட்னி தடவினால் வடை நமத்துவிடும். இரவு ஆட்டத்துக்கு வண்டிக்கடைகள் மூடும் முன்பே வடையை வாங்கி வைத்துவிட வேண்டும்.

படி 6: கடைசி மூன்று நிமிடம்

ஒரு கோல் பின்தங்கிய அணி, இரண்டு மூன்று நிமிடம் மீதமிருக்கும்போது கோல்கீப்பரை எடுக்கும். இதை முன்கூட்டியே கண்டுபிடிப்பதில்தான் பார்வையாளரின் இன்பம். கோல்கீப்பர் அடிக்கடி பெஞ்சைத் திரும்பிப் பார்ப்பார். பக் எதிர்ப்பாதிக்குப் போனதும் வலையை விட்டு ஓரடி முன்னே வருவார். பயிற்சியாளர் கை அசைத்தால் ஒரே ஓட்டம். பெஞ்சிலிருந்து ஒருவர் சுவரைத் தாண்டிக் குதிப்பார். ஆறுக்கு ஐந்து, பின்னால் 1.83 மீட்டர் அகலம், 1.22 மீட்டர் உயரம் கொண்ட காலி வலை. ஒரு தப்பான பாஸ் போதும், ஆட்டம் முடிந்தது.

படி 7: ஓவர்டைம்

60 நிமிடத்தில் வென்றால் 3 புள்ளி. ஓவர்டைமிலோ ஷூட்-அவுட்டிலோ (வீரர்கள் ஒவ்வொருவராகக் கோல்கீப்பரைத் தனியே எதிர்த்து அடிப்பது) வென்றால் 2, தோற்றாலும் 1. லீக் ஆட்டங்களில் சமநிலை என்றால் கடைசி நிமிடங்களில் இரு அணியும் அடக்கி வாசிப்பதற்கு இதுவே காரணம்.

ஓவர்டைமில் மூன்றுக்கு மூன்று, முதல் கோலோடு முடிவு. லீக்கில் 5 நிமிடம், காலிறுதி, அரையிறுதியில் 10 நிமிடம், பிறகு ஷூட்-அவுட். இறுதிப்போட்டியில் ஷூட்-அவுட் இல்லை. கோல் விழும்வரை 20, 20 நிமிடமாக ஆட வேண்டும். 2025 மே 25 ஸ்டாக்ஹோம் இறுதியில் 60 நிமிடமும் 0-0. ஓவர்டைமில் டேஜ் தாம்சன் அடித்த ஒற்றைக் கோலில் சுவிட்சர்லாந்தை வென்றது அமெரிக்கா. 1933-க்குப் பிறகு உலக சாம்பியன்ஷிப் தொடரில் அவர்களுக்குக் கிடைத்த முதல் தங்கம். நமக்கு அது மறுநாள் அதிகாலை.

பயிற்சிக்கு ஒரு ஆட்டம்

நேரலைக்கு முன், 2022 மே 29 அன்று ஃபின்லாந்தின் டாம்பெரே நகரில் நடந்த உலக சாம்பியன்ஷிப் இறுதியின் சுருக்கத்தைப் பாருங்கள். கடைசி மூன்று நிமிடம் வரை ஃபின்லாந்து 3-1 முன்னிலை. கனடா கோல்கீப்பரை எடுத்துவிட்டு இரண்டு கோல் அடித்துச் சமன் செய்தது. ஓவர்டைமில் கனடா வீரர் ஒருவர் தண்டனை வாங்கினார். மூன்றுக்கு மூன்றில் அணியை அதற்குமேல் குறைக்க முடியாது என்பதால் ஃபின்லாந்துக்கு ஓர் ஆள் கூடி நான்குக்கு மூன்று ஆனது. சகாரி மன்னினென் அந்த பவர் பிளேயில் அடித்து, சொந்த மண்ணில் தங்கத்தை வென்று கொடுத்தார்.

முதல் சுற்றில் ஒலியோடு அப்படியே பாருங்கள். இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு கோலுக்கும் பத்து நொடி முன்னால் நிறுத்தி, ஆட்களை எண்ணி, ஒரு தாளில் 6-5, 5-4, 4-3 என்று குறியுங்கள். பக் வைத்திருப்பவரை விட்டுவிட்டு வலைக்கு முன்னால் யார் தனியாக நிற்கிறார் என்று தேடுங்கள். அதைப் பிடித்துவிட்டால் 7:50 ஆட்டத்துக்கு நீங்கள் தயார்.