புலம்பெயர்வு ஆய்வாளரிடம் கேட்கும் முன்

"புலம்பெயர்வு நிபுணர்" என்று பொத்தாம்பொதுவாகத் தேடாதீர்கள். முதலில் கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள். எத்தனை பேர் போனார்கள் என்பதற்கு மக்கள்தொகையியலாளர், அனுப்பும் பணத்துக்குப் பொருளியலாளர், விசா, நாடுகடத்தலுக்குச் சட்ட ஆய்வாளர்.

அடுத்து, அவர் எந்தத் தரவைக் கையாண்டவர் என்று பாருங்கள். பட்டத்தைவிட இதுதான் முக்கியம். வளைகுடா செல்லும் இந்தியர்களைக் குடியகல்வு அனுமதி (வேலைக்கு வெளிநாடு செல்லும் சிலர் அரசிடம் பெற வேண்டிய ஒப்புதல்) பதிவுகளை மட்டும் வைத்து எண்ணினால் கணக்கு குறையும். பத்தாம் வகுப்பு தேறியவர்களுக்குப் பொதுவாக அந்த அனுமதியே தேவையில்லை. பொறியாளர்களும் கணக்கர்களும் அதில் வரவே மாட்டார்கள். (செவிலியர் விதிவிலக்கு, 2015 முதல் அவர்களுக்கு அனுமதி தேவை.) திருவனந்தபுரத்தின் வளர்ச்சி ஆய்வு மையம் 1998இல் தொடங்கிய கேரளப் புலம்பெயர்வு ஆய்வு போன்ற வீட்டுக் கணக்கெடுப்புகள் இந்த ஓட்டையை ஓரளவு அடைக்கின்றன. ஆனால் குடும்பத்தோடு போனவர்களைப் பற்றிப் பதில் சொல்ல அந்த வீட்டில் ஆளிருக்காது!

இரண்டு ஆய்வாளர்கள் இரண்டு எண் சொன்னால் பதற வேண்டாம். ஒருவர் இப்போது வெளிநாட்டில் இருப்போரையும், மற்றவர் அந்த ஆண்டு கிளம்பியோரையும் எண்ணியிருக்கலாம். எத்தனை மாதம் தங்கியவரைக் கணக்கில் சேர்த்தார் என்றும் கேளுங்கள், ஐ.நா. வரையறையில் நீண்டகாலக் குடியேற்றத்துக்குக் குறைந்தது 12 மாதங்கள்.