மூளை ஆய்வுக்குத் தன்னார்வலராகப் போவது எப்படி? முதலில் உலோகக் கணக்கு

"உனக்குத்தான் ஒன்றும் இல்லையே, எதற்கு ஸ்கேன்?" என்று வீட்டில் கேட்டார்கள். ஒன்றும் இல்லாதவர்களைத்தான் மூளை ஆய்வாளர்கள் தேடுகிறார்கள். நோயில்லாத மூளை வயதோடு எப்படிச் சுருங்குகிறது என்று தெரிந்தால்தான், மறதிநோயில் கூடுதலாக என்ன நடக்கிறது என்பதைப் பிரித்தறிய முடியும். எனக்கு 62 வயது. போய் வந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

1. இடம் தேடுதல்

பெங்களூருவில் இருப்பவர்களுக்கு வழி எளிது. இந்திய அறிவியல் கழக வளாகத்தில் உள்ள மூளை ஆராய்ச்சி மையம், 45 வயது கடந்த நகரவாசிகளிடம் நீண்டகால ஆய்வு நடத்துகிறது. கோலார் மாவட்டம் ஸ்ரீனிவாசபுராவில் கிராமத்தினரிடம் இன்னொன்று. ஒரே ஆளைத் திரும்பத் திரும்பப் பரிசோதிப்பதுதான் இத்தகைய ஆய்வின் உயிர். ஒருமுறை வேடிக்கை பார்த்துவிட்டு வரலாம் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து சேர வேண்டாம்.

2. ஒப்புதல் படிவம்

உங்களுக்குப் புரியும் மொழியில் கேளுங்கள். ஒரு பிரதியை வாங்கிக்கொள்ளுங்கள். காரணம் சொல்லாமலே எப்போது வேண்டுமானாலும் விலகலாம். இது இலவச உடல் பரிசோதனை அல்ல. "படத்தில் எதிர்பாராமல் ஏதாவது தென்பட்டால் எனக்குச் சொல்வீர்களா, யார் சொல்வார்?" என்ற கேள்வியைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

3. உலோகம்

இங்கேதான் நான் சறுக்கினேன். காந்தத்தின் உதவியால் மூளையைப் படம்பிடிக்கும் எம்.ஆர்.ஐ. கருவிகள் ஆய்வுகளில் பெரும்பாலும் 3 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) வலிமை கொண்டவை. பூமியின் காந்தப்புலத்தைப் போல 50,000 மடங்குக்கும் மேல். ஸ்கேன் ஓடாத நேரத்திலும் அந்தக் காந்தம் விழித்தே இருக்கும்.

"கண்ணில் எப்போதாவது உலோகத் துகள் பட்டதுண்டா?" என்று படிவத்தில் ஒரு கேள்வி. இல்லை என்று எழுதிவிட்டேன். காலணியைக் கழற்றும்போதுதான் கோயம்புத்தூர் லேத் பட்டறை நினைவுக்கு வந்தது. 1984இல் கடைசல் பிசிறு ஒன்று கண்ணில் தெறித்து, டாக்டர் எடுத்துப் போட்டார். முழுவதும் எடுத்தாரா? யாருக்குத் தெரியும்! கண்ணுக்குள் எஃகுத் துணுக்கு மிச்சமிருந்தால் காந்தம் அதை நகர்த்திப் பார்வையையே பறித்துவிடக்கூடும். சொன்னதும் ஸ்கேனை நிறுத்தினார்கள். கண்குழிகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று உறுதியான பிறகு இன்னொரு நாள் கொடுத்தார்கள். அவர்கள்மேல் குறையில்லை, மறதி என்னுடையது. லேத், வெல்டிங், கிரைண்டிங் வேலை பார்த்தவர்கள் தொலைபேசியிலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் முறை அரைஞாண் சிக்கியது. இருபது ஆண்டுகளாகக் கழற்றாத வெள்ளிக் கொடி. கத்தரியால் வெட்ட வேண்டியதாயிற்று. தாயத்து, மெட்டி, தாலியில் கோத்த ஊக்கு, கொண்டை ஊசி, ஜரிகை வைத்த ரவிக்கை, கழற்றும் பல் செட் எல்லாம் இதே கணக்குத்தான். கண் மையும் வேண்டாம். என் சிபாரிசு: நாடா வைத்த பருத்திப் பைஜாமா. ஜிப் வைத்த எதையும் நம்பாதீர்கள்.

4. உள்ளே

தலையைச் சுற்றி ஒரு கூடு, அதில் ஒரு கண்ணாடி, கையில் அழுத்தி அழைக்க ஒரு ரப்பர் பந்து. எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு கிடையாது, சத்தம்தான் பயங்கரம். ஹெட்போனைவிட நுரைக் காதடைப்பான்தான் எனக்குப் பிடித்தது. அதை உருட்டி, காது மடலை மேலே இழுத்துப் பிடித்துச் செருக வேண்டும். சும்மா வாசலில் வைத்தால் பயனில்லை.

ஒரு கட்டத்தில் எதுவும் செய்யாமல் அந்தக் கண்ணாடியில் தெரியும் கூட்டல் குறியைப் பார்த்தபடி கிடக்கச் சொல்வார்கள். ஓய்வில் மூளையின் பகுதிகள் தங்களுக்குள் எப்படித் தொடர்புகொள்கின்றன என்பதை அப்போதுதான் அளக்கிறார்கள். தூங்கிவிட்டால் அளவு மாறிவிடும். நான் முதல் நாள் இரவே நன்றாகத் தூங்கிவிட்டுப் போனேன். இருமல் இருந்தால் நாளை மாற்றிக்கொள்ளுங்கள். தலை சில மில்லிமீட்டர் அசைந்தாலே படம் கலங்கிவிடும்.

5. நினைவாற்றல் சோதனை

வார்த்தைகளைக் கேட்டுத் திருப்பிச் சொல்வது போன்றவை. மொபைல் செயலிகளில் முன்கூட்டிப் பயிற்சி எடுக்காதீர்கள். தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கவா போகிறோம்?

பின்சேர்க்கை: முழங்கால் மாற்று அறுவை செய்தவர் போகலாமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். பல வேளைகளில் அனுமதி உண்டு, ஆனால் முடிவு ஆய்வு மையத்தினுடையது. பொருத்திய கருவியின் பெயர் குறித்த டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துச் செல்லுங்கள். பேஸ்மேக்கர் இருந்தால் கிளம்பும் முன்பே சொல்லுங்கள். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் பவர் எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். சட்டம்வரை பிளாஸ்டிக்கால் ஆன மாற்றுக் கண்ணாடி பல மையங்களில் உண்டு. எண் தெரியாமல் போனதால் நான் அந்தக் கூட்டல் குறியை ஒரு கரும்புள்ளியாகத்தான் பார்த்தேன்.