வெயில் எட்டாத ஏசி அறைக்கு எந்தச் செடி? முதன்முறை வாங்குகிறவர்களுக்கான செய்முறை

மதுரையில் அலுவலகத்துக்குச் செடி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இலையின் நிறத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். மேசைக்கு வந்த சில வாரங்களில் இலை மஞ்சளாகிறது. "ஏசி ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லித் தொட்டியை மாடிப்படிக்குக் கீழே தள்ளிவிடுகிறார்கள். இந்தப் பழியில் பாதிக்கு மேல் அநியாயமானது. வெளிச்சம் குறைந்த அறையில் செடி மெதுவாகத்தான் வளரும். வளர்ச்சி குறைந்தால் தாகமும் குறையும். அதற்கும் வாசல் செம்பருத்திக்கு ஊற்றுவதைப் போலத் தினமும் ஊற்றினால் வேர் மூச்சுத் திணறி அழுகுகிறது. ஏசி அலுவலகங்களில் சாகும் செடிகளில் பெரும்பாலானவை தண்ணீரில்தான் சாகின்றன.

ஆகவே இடத்தை முதலில் அளந்துகொள்ளுங்கள், செடியைப் பிறகு தேர்ந்தெடுங்கள். இந்த வரிசையை மாற்றாமல் இருந்தால், மணி பிளான்ட்டைத் தாண்டி, பார்க்கிறவர் நின்று பெயர் கேட்கும் செடிகளையும் உங்கள் அலுவலகத்தில் தைரியமாக வைக்கலாம்.

படி 1: வெளிச்சத்தை அளப்பது

மாசி வீதி, ஆவணி மூல வீதிப் பகுதிகளின் பழைய கட்டடங்கள் பல, பக்கத்துக் கட்டடத்தோடு சுவர் ஒட்டி நிற்பவை. வாசலில் வெளிச்சம் இருக்கும்; பத்தடி உள்ளே போனால் பகலிலும் விளக்கு போட வேண்டும். புறநகரின் புதிய கண்ணாடிக் கட்டடங்களில் நிலைமை வேறு. சன்னலோரம் கண் கூசும், நடுக்கூடத்தில் டியூப் லைட் ஒளி மட்டும்தான். இரண்டையும் நம் கண் ஒரே மாதிரி "நல்ல வெளிச்சம்" என்று எடுத்துக்கொள்கிறது, ஏனென்றால் கண்மணி விரிந்து சுருங்கிச் சரிசெய்துகொள்ளும். இலைக்கு அந்த வசதி கிடையாது.

வெளிச்சத்தை அளக்கும் அலகுக்கு லக்ஸ் என்று பெயர். செல்போனில் ஒரு லக்ஸ் மீட்டர் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். செடியின் இலை எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில் போனைப் பிடித்து, போனின் ஒளி உணரி மேலே பார்க்கும்படி வைத்து, காலை 10 மணி, மதியம் 1 மணி, மாலை 4 மணிக்கு அளவை எழுதி வையுங்கள். போன் துல்லியமான கருவியாகாது என்றாலும், ஓர் இடத்தையும் இன்னோர் இடத்தையும் ஒப்பிட அது போதும். உச்சிவெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். சாதாரண அலுவலக மேசை 300 முதல் 500 லக்ஸ். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே, வெயிலில் வளர்ந்த குரோட்டன் ஏன் உங்கள் மேசையில் இலை கொட்டுகிறது என்பது புரிந்துவிடும்.

நான் பின்பற்றும் கணக்கு இது. 800 லக்ஸுக்கு மேல் இருந்தால் தேர்வு நிறைய. 250 முதல் 800 வரை என்றால் தாக்குப்பிடிக்கும் சில இனங்கள் மட்டும். அதற்கும் கீழே என்றால், தனி விளக்கில்லாமல் செடி வைக்காதீர்கள். செடி உடனே சாகாது. சேமித்து வைத்ததைத் தின்று மாதக்கணக்கில் நலியும். சாதாரண வெள்ளை எல்இடி விளக்கை இலைக்கு ஓர் அடி மேலே பொருத்தி, நாளொன்றுக்கு 10 முதல் 12 மணி நேரம் எரியும்படி டைமர் மாட்டினால் போதும். ஊதா நிற விளக்கு தேவையில்லை.

படி 2: காற்றையும் விடுமுறையையும் கணக்கில் எடுப்பது

டிஷ்யூ பேப்பரை ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து, செடி வைக்க நினைக்கும் இடத்தில் ஏசி ஓடும்போது தொங்கவிட்டுப் பாருங்கள். அது ஆடிக்கொண்டே இருந்தால் அந்த இடம் வேண்டாம். குளிரை விட அந்தக் காற்றோட்டம்தான் இலையின் ஈரத்தை உறிஞ்சி ஓரத்தைக் கருக்குகிறது. 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏசிகள் 24 டிகிரியை இயல்பு நிலையாக வைத்தே விற்கப்படுகின்றன. வெப்பமண்டலக் காட்டுச் செடிக்கு 24 டிகிரி சுகமான வெப்பம். சர்வர் அறை மாதிரி 16 டிகிரியில் உறைய வைத்தால்தான் குளிர் ஒரு பிரச்சினையாகும்.

பலர் மறந்துவிடுவது விடுமுறையை. சனிக்கிழமை மாலை ஏசியை நிறுத்திக் கதவைப் பூட்டினால், சித்திரை, வைகாசி மாதங்களில் மூடிய அறை திங்கள் காலை வரை வெந்துகொண்டிருக்கும். பொங்கலுக்கும் சித்திரைத் திருவிழாவுக்கும் தொடர்ந்து சில நாட்கள் ஆள் இருக்காது, விளக்கும் இருக்காது. வாரத்தில் ஆறு நாள் குளிரும் ஒரு நாள் புழுக்கமுமாக மாறி மாறி வருவதைத் தாங்கும் செடிதான் நமக்குச் சரி.

படி 3: செடியைத் தேர்ந்தெடுப்பது

முதல் இடம் ஸீஸீ செடிக்கு. கிழக்கு, தென்கிழக்கு ஆப்பிரிக்காவின் வறண்ட பகுதிகளைச் சேர்ந்தது. மண்ணுக்குள் சேப்பங்கிழங்கு போலத் திரண்ட கிழங்கில் தண்ணீரைச் சேமித்து வைத்துக்கொள்ளும். 1990களின் நடுவில் நெதர்லாந்து நர்சரிகள் பெருக்கத் தொடங்கிய பிறகுதான் உலகெங்கும் பரவியது. பச்சை வகை இப்போது எங்கும் கிடைக்கிறது. அரிதாக ஒன்று வேண்டும் என்றால் 'ராவன்' வகையைக் கேளுங்கள். அதில் புதுத் தண்டு பளிச்சென்ற இளம்பச்சையில் கிளம்பி, கொஞ்சம் கொஞ்சமாகக் கருத்து, கடைசியில் மெருகேற்றிய கருங்கல் நிறத்துக்கு வந்து நிற்கும். ஒரே தொட்டியில் இரண்டு நிறமும் இருக்கும் அந்த வாரங்களில் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

அடுத்து மருள் குடும்பம். கடைகளில் ஸ்னேக் பிளான்ட் என்பார்கள். 2017 முதல் தாவரவியலாளர்கள் இதை டிராசினா பேரினத்தில் சேர்த்துவிட்டதால், பலகையில் சான்சிவேரியா, டிராசினா என எந்தப் பெயர் இருந்தாலும் குழம்ப வேண்டாம். இலைத் துளைகளை இரவில் திறந்து பகலில் மூடிக்கொள்வதால் ஏசி காற்றில் இது அதிகம் ஈரம் இழப்பதில்லை. மஞ்சள் ஓரம் வைத்த வழக்கமான வகையை விட்டு, வெள்ளிப் பச்சையான 'மூன்ஷைன்', உலக்கை போல உருண்ட இலையுடைய 'சிலிண்ட்ரிகா', ஒற்றை அகன்ற இலை துடுப்பு மாதிரி நிமிர்ந்து நிற்கும் 'மசோனியானா' ஆகியவற்றைத் தேடுங்கள். நம் நாட்டு மருளையும் நான் சேர்த்துச் சொல்வேன். அதன் நாரில் முற்காலத்தில் வில்லுக்கு நாண் திரித்தார்கள். வேலியோரச் செடி என்று யாரும் தொட்டியில் வைப்பதில்லை. வரி வரியான அந்த இலை எந்த வெளிநாட்டு வகைக்கும் குறைந்ததில்லை.

ஆஸ்பிடிஸ்ட்ரா மூன்றாவது. ஜப்பானின் தெற்குத் தீவுகளிலும் தைவானிலும் மரநிழலில் வளர்வது. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் வாயு விளக்கெரிந்த மங்கிய கூடங்களில் தாக்குப்பிடித்ததால் 'வார்ப்பிரும்புச் செடி' என்று பெயர் வாங்கியது. அகன்ற கரும்பச்சை இலை, மண்ணை ஒட்டியே பூக்கும் ஊதா நிறப் பூ. ஆண்டுக்குச் சில இலைகள்தான் விடும். அதனால் நர்சரிக்காரர்கள் அதிகம் வளர்ப்பதில்லை. சொல்லி வைத்துத்தான் வாங்க வேண்டியிருக்கும். காத்திருப்பது வீண்போகாது.

800 லக்ஸுக்கு மேல் கிடைத்தால் ஸ்கிண்டாப்சஸ் வையுங்கள். பட்டுத்துணி போன்ற மங்கிய பச்சையில் வெள்ளிப் புள்ளி தெளித்த கொடி, அலமாரி உச்சியிலிருந்து தொங்கவிட ஏற்றது. தாகம் எடுத்தால் இலை உள்பக்கமாகச் சுருளும், எனவே தண்ணீர் எப்போது என்று அதுவே சொல்லிவிடும். அக்லோனிமாவில் வெள்ளியும் பச்சையும் கலந்த வகைகளை எடுங்கள். சிவப்பு, இளஞ்சிவப்பு வகைகளுக்கு வெளிச்சம் அதிகம் வேண்டும்; மங்கிய அறையில் நிறம் வெளுத்துப்போகும். குளிர்காற்றுக்கு நேரே வைத்தால் அக்லோனிமா மற்றவற்றை விடச் சீக்கிரம் வாடும்.

கலாதியாவைத் தொடக்கக்காரர்கள் தவிர்ப்பது நல்லது. மாலையில் இலை கூப்பும் அழகுக்காகவே வாங்கத் தோன்றும். ஏசி வறட்சியில் அதன் இலை ஓரம் கருகுவதைத் தடுப்பது கடினம். கள்ளி, ஜேட், துளசி ஆகியவற்றுக்கு வெயில் வேண்டும். கொடைக்கானல் சுற்றுலாவில் வாங்கி வரும் பூச்செடிகளும் இங்கே வேண்டாம். 2,000 மீட்டருக்கு மேல் இருக்கும் மலையின் குளிரிரவு அவற்றுக்குப் பழக்கம்.

ஈரம் விரும்பும் சிறுசெடிதான் வேண்டும் என்பவருக்கு ஒரு வழி இருக்கிறது. மூடியுள்ள கண்ணாடிச் சாடியில் அடியில் கூழாங்கல், மேலே நொறுக்கிய அடுப்புக்கரி, அதன்மேல் மண் பரப்பி, இலையில் வண்ண நரம்போடிய ஃபிட்டோனியா என்ற சிறுசெடியை நடுங்கள். சாடிக்குள் ஈரம் சுற்றிச் சுற்றி வரும், ஏசி காற்று தொடாது. நேர் வெயில் மட்டும் படக் கூடாது.

ஸீஸீ, அக்லோனிமா, ஸ்கிண்டாப்சஸ் மூன்றின் சாறிலும் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. வாயில் பட்டால் எரியும், தோலில் பட்டால் அரிக்கும். குழந்தைகள் வந்துபோகும் கிளினிக், டியூஷன் சென்டர் என்றால் கை எட்டாத உயரத்தில் வையுங்கள்.

"காற்றைச் சுத்தப்படுத்தும்" என்று சொல்லி விற்பதையும் நம்பி வாங்காதீர்கள். அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும், 1989இல் வெளியான நாசா ஆய்வு சிறிய மூடிய பெட்டிகளுக்குள் நடந்தது. அது போன்ற ஆய்வுகளையெல்லாம் 2019இல் மறுபரிசீலனை செய்தவர்கள், ஓர் அறையில் பலன் தெரிய சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடியாவது வேண்டும் என்று கணக்கிட்டார்கள். பசுமை கண்ணுக்கு இதம் தருகிறது. செடி வைக்க அந்தக் காரணம் போதும்.

படி 4: நர்சரியில்

அழகர்கோவில் சாலை, மேலூர் சாலைப் பக்கம் போகும்போது, வெயிலில் வரிசையாக அடுக்கிய தொட்டிகளைத் தாண்டி நிழல்வலைக்குள் போய்ப் பாருங்கள். "அண்ணே, வலைக்குள்ளேயே வளர்ந்தது எது?" என்று கேட்டு வாங்குங்கள். நிழலுக்குப் பழகிய செடி அலுவலகத்துக்கு வந்து அதிர்ச்சி அடையாது. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கைப் பாருங்கள். பஞ்சு ஒட்டியது போல் வெள்ளையாக இருந்தால் அது மாவுப்பூச்சி, வேண்டாம். ஸீஸீ என்றால் மண்ணை விரலால் சற்று விலக்கிக் கிழங்கை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருக்க வேண்டும். வாங்கியதும் இரண்டு வாரம் வீட்டில் நிழலான இடத்தில் தனியாக வைத்திருந்து, பூச்சி எதுவும் கிளம்பவில்லை என்று உறுதியான பிறகு அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள்.

படி 5: தொட்டியும் மண்ணும்

செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்த்தூள் ஒரு பங்கு, ஆற்று மணல் அல்லது பெர்லைட் (நர்சரியில் கிடைக்கும் இலேசான வெள்ளைக் கல்துகள்) ஒரு பங்கு, மண்புழு உரம் அரைப்பங்கு. நார்த்தூளில் உப்பு இருக்கும், ஊறவைத்துப் பிழிந்து பயன்படுத்துங்கள். கரிசல் மண் கட்டாயம் வேண்டாம். ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். ஸீஸீக்கும் மருளுக்கும் மானாமதுரை மண்தொட்டி மிகப் பொருத்தம், அதன் சுவர் வழியே மிகுதி ஈரம் வெளியேறிவிடும். அடியில் துளை இல்லாத பீங்கான் தொட்டியில் நேரடியாக நடாதீர்கள்.

படி 6: தண்ணீர்

ஒரு ஐஸ்கிரீம் குச்சியைத் தொட்டி மண்ணில் பாதி ஆழத்துக்குச் செருகி, ஐந்து நிமிடம் கழித்து உருவிப் பாருங்கள். குச்சியில் மண் ஒட்டிக் கருமையாக வந்தால் தண்ணீர் வேண்டாம். வெளிறிய நிறத்தில் சுத்தமாக வந்தால் ஊற்றலாம். ஸீஸீக்கும் மருளுக்கும் குச்சி அடிவரை காய்ந்து வர வேண்டும், அதற்கு இரண்டு மூன்று வாரமும் ஆகலாம். மற்றவற்றுக்கு மேல் இரண்டு அங்குலம் காய்ந்தால் போதும். ஊற்றும்போது அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். அலுவலகத்தைப் பெருக்கித் துடைக்கும் அக்கா பாசத்தோடு தினமும் ஒரு டம்ளர் ஊற்றுவது வழக்கமாக இருக்கும். அவரிடமே அந்தக் குச்சியைக் கொடுத்து, பார்க்கும் விதத்தைச் சொல்லி, செடியின் பொறுப்பை ஒப்படையுங்கள். பொறுப்பு ஒருவரிடம் இருப்பதே நல்லது. நாலு பேர் ஊற்றினால் செடி தங்காது.

எந்தத் தண்ணீர் என்பது மதுரையில் பெரிய கேள்வி. பல இடங்களில் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பும் கடினத்தன்மையும் கொண்டது. சில மாதங்களில் தொட்டி விளிம்பிலும் மண்மேலும் வெள்ளையாகப் பூத்துவிடும், இலை நுனி கருகும். இதற்கு மருந்து உங்கள் அலுவலகத்திலேயே சொட்டிக்கொண்டிருக்கிறது. ஏசியிலிருந்து வடியும் நீர், காற்றிலிருந்த ஈரம் குளிர்ந்து சேர்ந்தது; உப்பு அநேகமாக இல்லை. வடிகுழாயின் கீழே ஒரு வாளி வைத்துப் பிடித்து, ஒரு நாள் அப்படியே வைத்திருந்து, அறை வெப்பத்துக்கு வந்த பிறகு ஊற்றுங்கள். ஏசி சர்வீஸ் செய்த நாளில் வடியும் நீரில் கழுவு ரசாயனம் கலந்திருக்கலாம், அதை மட்டும் கொட்டிவிடுங்கள். பழைய தொட்டிகளில் சேர்ந்த உப்பையும் இந்த நீரை நிறைய ஊற்றி அடித்துளை வழியே கழுவி வெளியேற்றலாம். இந்த நீரை மற்றவர் யாரும் குடிக்காதபடி வாளிமேல் எழுதி வையுங்கள்.

படி 7: பராமரிப்பு

மாதம் ஒருமுறை ஈரத்துணியால் இலையைத் துடையுங்கள். தூசி படிந்தால் கிடைக்கும் கொஞ்ச வெளிச்சமும் குறையும். தொட்டியை வாரம் ஒருமுறை கால்வட்டம் திருப்புங்கள். உரம் மழைக்காலத்துக்கு முன் ஒரு பிடி மண்புழு உரம் போதும். ஒரே வகையில் ஒரு ஜோடி வாங்க முடிந்தால், ஒன்று உள்ளேயும் ஒன்று நிழலான சன்னலோரத்திலுமாக மாதம் ஒருமுறை இடம் மாற்றுவது எல்லாவற்றையும் விடச் சிறந்த வழி.

மண்மேல் சிறு கருங்கொசு பறந்தால் தண்ணீர் மிகுதி என்று பொருள். மேல்மண்ணைக் காயவிட்டு வேப்பம் புண்ணாக்குத் தூள் தூவுங்கள். வறண்ட ஏசி காற்றில் இலையடியில் மெல்லிய வலை பின்னினால் அது சிலந்திப்பேன். ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, சனிக்கிழமை மாலை எல்லோரும் கிளம்பிய பிறகு இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். திங்களுக்குள் வாடை போய்விடும். வாரம் ஒருமுறை வீதம் மூன்று வாரம் செய்யுங்கள்.

முதல் செடி புது இலை விடும்வரை இரண்டாவதை வாங்க வேண்டாம். ஸீஸீ என்றால் அதற்குச் சில மாதங்கள் பிடிக்கும். அந்தக் காலத்தில் குச்சியையும் லக்ஸ் கணக்கையும் பழகிக்கொள்ளுங்கள்.