டொம்கெட் ஓடத் தொடங்கிய பிறகு பூட்ட வேண்டிய கதவுகள்

கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்காக, உறுப்பினர் பதிவும் நெல் கொள்வனவுக் கணக்கும் பார்க்கிற ஜாவா செயலி ஒன்றைப் பராமரித்து வருகிறேன். அதை இணையத்தில் ஓட வைக்கிற சேர்வர் மென்பொருள்தான் அப்பாச்சி டொம்கெட். போன கிழமை அறிவியல்நகரில் படிக்கிற தம்பி ஒருவன் போன் எடுத்து, "அண்ணா, டொம்கெட் ஓடுது, பூனைப் படம் போட்ட பக்கமும் வருது. இனி லிங்கை ஆட்களுக்குக் குடுக்கலாமா?" என்று கேட்டான். குடுக்காதே என்றேன். ஏன் என்று விளக்க ஒரு மணித்தியாலம் போனது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

லினக்ஸ் சேர்வர் ஒன்றுக்குள் நுழையவும், கோப்பு ஒன்றைத் திறந்து திருத்தவும் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். கோப்புகளின் பெயரையும் அமைப்புகளின் பெயரையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டொம்கெட்டின் கொன்ஃப் கோப்புறையைத் திறந்து வைத்துக்கொண்டு வாசித்தால் எது எதுவென்று விளங்கும்.

எந்த டொம்கெட்?

செயலி பழையதா புதியதா என்று முதலில் பாருங்கள். நிரலில் "ஜாவாஎக்ஸ் சேர்வ்லெட்" என்று இருந்தால் டொம்கெட் 9. "ஜகார்த்தா சேர்வ்லெட்" என்று இருந்தால் 10.1 அல்லது 11. பத்தாம் பதிப்பிலிருந்து அந்தப் பெயர் முழுதாக மாறிவிட்டது. பழைய செயலியைக் கொண்டுபோய்ப் புதியதில் போட்டுவிட்டு, எல்லாம் சரியாகத்தானே செய்தேன், ஏன் 404 வருகிறது என்று இரவிரவாக இருப்பவர்கள் பலர். ஜாவாவைப் பொறுத்தவரை 9க்கு ஜாவா 8 போதும், 10.1க்கு 11 வேண்டும், 11க்கு 17 வேண்டும். 8.5 வைத்திருப்பவர்கள் உடனே மாறுங்கள். 2024 மார்ச் 31உடன் அதற்கான ஆதரவு முடிந்துவிட்டது, இனிப் பாதுகாப்புத் திருத்தம் வராது.

உபுண்டுவின் பொதியாக நிறுவுவதா, அப்பாச்சி தளத்திலிருந்து நேரே இறக்குவதா? நான் இறக்குகிற பக்கம். சுருக்கிய கோப்பு பத்துப் பன்னிரண்டு எம்பிதான், போன் டேட்டாவிலேயே இறக்கிவிடலாம். ஒப்ட் கோப்புறைக்குள் பதிப்பு எண்ணோடு விரித்து, "டொம்கெட்" என்று ஒரு குறுக்கிணைப்பு வைப்பேன். புதிய பதிப்பு வந்தால் இணைப்பை மாற்றினால் போதும். பிழைத்தால் பழையதற்கே திரும்பலாம். பக்கத்திலேயே தருகிற ஷா-512 கோப்பை வைத்து, இறக்கியது சரியானதுதானா என்று கட்டாயம் சரிபாருங்கள்.

யார் பெயரில் ஓடுவது

ரூட்டாக ஓட்டவே கூடாது. "டொம்கெட்" என்று ஒரு பயனரை உருவாக்குங்கள், உள்நுழையும் உரிமை இல்லாமல். கோப்புகள் எல்லாம் ரூட்டுக்குச் சொந்தம், டொம்கெட் குழுவுக்கு வாசிக்க மட்டும் அனுமதி, மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. லொக்ஸ், டெம்ப், வேர்க் என்ற மூன்று கோப்புறைகள் மட்டும் டொம்கெட் பயனருக்குச் சொந்தம். செயலியில் ஓட்டை இருந்து யாராவது உள்ளே வந்தாலும், செயலிகள் இருக்கிற வெப்அப்ஸ் கோப்புறைக்குள் தன் கோப்பைப் போட்டு ஓட்ட அவருக்கு வழியில்லை.

இதில் ஒரு சிக்கல் வரும். வெப்அப்ஸில் எழுத அனுமதி இல்லாததால் வார் கோப்பை (செயலி முழுவதையும் பொதியாக்கிய கோப்பு) டொம்கெட்டால் விரிக்க முடியாது, செயலியும் எழும்பாது. நான் ரூட்டாக இருந்து கையால் விரித்து வைக்கிறேன். கொன்ஃப் கோப்புறையில் உள்ள சேர்வர் கோப்பில் ஹோஸ்ட் என்ற இடத்தில் ஓட்டோடிப்ளோய் என்பதையும் ஃபோல்ஸ் ஆக்கிவிடுகிறேன்.

பிறகு வெப்அப்ஸில் கூடவே வருகிற டொக்ஸ், எக்ஸாம்பிள்ஸ், ஹோஸ்ட்-மேனேஜர், மேனேஜர், பூனைப் பக்கம் உள்ள ரூட் என்ற கோப்புறை, இந்த ஐந்தையும் அழியுங்கள். உலாவியிலிருந்தே செயலிகளை நிர்வகிக்க உதவுகிற மேனேஜரை வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

சேர்வர் கோப்பில் மூன்று எண்கள்

இவை போர்ட் எண்கள், அதாவது டொம்கெட் இணைப்புக்காகக் காத்திருக்கிற வாசல்கள்.

8005: இதில் இணைந்து "ஷட்டவுன்" என்ற சொல்லை அனுப்பினால் டொம்கெட் நின்றுவிடும். அதே இயந்திரத்தில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் எட்டும் என்றாலும், தேவையில்லாத ஒன்று. எண்ணை -1 ஆக்குங்கள். அதற்குப் பிறகு ஷட்டவுன் கட்டளைக் கோப்பால் வழக்கம்போல் நிறுத்த முடியாது, லினக்ஸில் சேவைகளை நடத்துகிற சிஸ்டம்டி வழியாகத்தான் நிறுத்த வேண்டும். சேவைக் கோப்பில் "கற்றலினா ரன்" என்று நேரே ஓட விடுங்கள். நிறுத்தும்போது ஜாவா 143 என்ற எண்ணோடு வெளியேறும், சிஸ்டம்டி அதைத் தோல்வி என்று சிவப்பில் காட்டும். 143ஐ வெற்றி எண்களில் சேர்த்துவிட்டால் சரி.

8009: ஏஜேபி இணைப்பு, அதாவது முன்னால் நிற்கிற வெப் சேர்வர் டொம்கெட்டோடு பேசுகிற ஒரு வழி. 2020 பெப்ரவரியில் வெளிவந்த கோஸ்ட்கெட் ஓட்டை இதன் வழியாகத்தான். செயலிக்குள் இருக்கிற கோப்புகளை வெளியிலிருந்தே வாசிக்க முடிந்தது, தரவுத்தளக் கடவுச்சொல் இருக்கிற கோப்பு உட்பட. 9.0.31இலிருந்து இது தானாகவே மூடித்தான் வருகிறது. யாராவது தந்த பழைய சேர்வர் கோப்பை அப்படியே கொண்டுவந்து போட்டிருந்தால் திறந்திருக்கும், பாருங்கள்.

8080: இங்கே அட்ரஸ் என்று ஒன்றைச் சேர்த்து 127.0.0.1 (அதாவது இதே இயந்திரம்) என்று கொடுங்கள். இனி டொம்கெட் வெளியாருடன் நேரே பேசாது. ஃபயர்வோல் இருக்கிறதே, இது எதற்கு என்று விடாதீர்கள். ஃபயர்வோலை ஒருநாள் ஏதோ தேவைக்கு நிறுத்திவிட்டு, திரும்பப் போட மறந்துபோவோம்.

முன்னால் என்ஜினெக்ஸ்

பாதுகாப்பான இணைப்புக்கான சான்றிதழை டொம்கெட்டிலேயே போடலாம். நான் போடுவதில்லை. 1024க்குக் கீழே உள்ள போர்ட்டைப் பிடிக்க ரூட் உரிமை வேண்டும், சான்றிதழ் புதுப்பிக்கும்போது கூடுதல் வேலை, எல்லாம் தலையிடி. என்ஜினெக்ஸ் என்ற வெப் சேர்வர் முன்னால் 443இல் நிற்கட்டும், வருவதை 8080க்குக் கடத்தட்டும். லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழை சேர்ட்பொட் என்ற கருவி எடுத்துத் தரும், இலவசம். 90 நாளில் முடிகிற சான்றிதழை அதுவே புதுப்பித்துக்கொள்ளும். 80ஆம் போர்ட்டை மூடிவிட்டால் வழக்கமான சரிபார்ப்பு நடக்காது, புதுப்பித்தலும் நின்றுவிடும். 80 திறந்தே இருக்கட்டும்.

கடத்தும்போது, ஆள் எந்த முகவரியிலிருந்து எப்படி வந்தார் என்று சொல்லுகிற மூன்று தலைப்புகளை (ஹெடர்) சேர்த்தனுப்ப வேண்டும்: ஹோஸ்ட், எக்ஸ்-ஃபோர்வேர்டட்-ஃபோர், எக்ஸ்-ஃபோர்வேர்டட்-புரோட்டோ. இணையத்தில் கிடைக்கிற பல மாதிரிகளில் இவை இருக்கும்.

என்னைத் தடுக்கி விழுத்திய இடம்

மேலே சொன்ன அவ்வளவையும் செய்துவிட்டு நான் நிம்மதியாக இருந்தேன். அப்போது மேனேஜரை அழிக்கவில்லை. வீட்டிலிருந்து செயலியை நிறுத்தி எழுப்ப வசதியாக இருந்தது. மேனேஜரோடு வருகிற கொன்டெக்ஸ்ட் கோப்பில் ஒரு வால்வு, அதாவது வருகிற கோரிக்கைகளை இடையில் பார்க்கிற பகுதி, இருக்கிறது. 127 என்று தொடங்கும் முகவரியிலிருந்து வருகிறவரை மட்டும் விடும், மற்றவர்களுக்கு 403, அதாவது அனுமதி இல்லை. அதை நம்பித்தான் வைத்திருந்தேன்.

ஒருநாள் பின்னேரம் வவுனியாவுக்குப் போகிற வழியில் முறிகண்டிப் பிள்ளையாரடியில் பஸ் நின்றது. ஆட்கள் இறங்கித் தேங்காய் உடைக்கப் போய்விட்டார்கள். நான் சீட்டில் இருந்தபடி, சும்மா பார்ப்போம் என்று போனில் சங்கத்தின் முகவரிக்குப் பின்னால் "மேனேஜர்" என்று தட்டினேன். 403 வரவில்லை. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு ஒரு சின்னப் பெட்டி வந்தது. என் போன் டேட்டாவில், ஏ9 வீதியோரத்தில் இருந்து. கை நடுங்கியது. உறுப்பினர்களின் அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு, காணி விபரம் எல்லாவற்றுக்கும் உலகத்துக்கும் நடுவில் ஒரேயொரு கடவுச்சொல்.

காரணம் இதுதான். என்ஜினெக்ஸும் டொம்கெட்டும் ஒரே இயந்திரத்தில் இருக்கின்றன. யார் எங்கிருந்து வந்தாலும் டொம்கெட்டின் கண்ணுக்குத் தெரிவது என்ஜினெக்ஸ் மட்டும், அதாவது 127.0.0.1. அந்த வால்வு எல்லோரையும் வீட்டு ஆள் என்று நினைத்து உள்ளே விட்டுவிட்டது. அணுகல் பதிவேட்டைத் திறந்து பார்த்தால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை 127.0.0.1. அதை நான் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன், யோசிக்கவில்லை.

திருத்தம் இரண்டு பகுதி. சேர்வர் கோப்பில் ஹோஸ்டுக்குள் ரிமோட்-ஐபி வால்வைச் சேர்த்து, மேலே சொன்ன ஃபோர், புரோட்டோ தலைப்புகளின் பெயரைக் கொடுங்கள். இனி என்ஜினெக்ஸ் சொல்லுகிற உண்மையான முகவரியை டொம்கெட் எடுத்துக்கொள்ளும். பிறகு, அதே இடத்தில் இருக்கிற அக்சஸ்-லொக் வால்வில் ரிக்வெஸ்ட்-அட்ரிபியூட்ஸ்-எனேபிள்ட் என்பதை ட்ரூ ஆக்குங்கள். இந்த இரண்டாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டால் தடுப்பு வேலை செய்யும், பதிவேட்டில் மட்டும் பழைய 127 தொடர்ந்து வரும். நான் வால்வு பிழைத்துவிட்டது என்று நினைத்து இரண்டு நாள் அதையே கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தேன்.

புரோட்டோவை விட்டுவிட்டால் வேறொரு தொல்லை. வந்தது பாதுகாப்பான இணைப்பு என்று டொம்கெட்டுக்குத் தெரியாது. குக்கீயில் செக்யூர் என்ற குறி விழாது. செயலி பாதுகாப்பான இணைப்பைக் கட்டாயமாக்கியிருந்தால் ஆளை 8443க்கு அனுப்பிவிடும், அங்கே கேட்க யாரும் இல்லை.

மேனேஜரை அன்றிரவே அழித்துவிட்டேன். சின்ன இடங்களுக்கு அது தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

தமிழ்ப் பெயர்கள் சிதைந்தால்

டொம்கெட் 9இல் படிவம் வழியாக வருகிற எழுத்துகளை, குறியாக்கம் சொல்லப்படாவிட்டால், மேற்கு ஐரோப்பிய எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும். யுனிகோடில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8இல் மூன்று பைட். "கந்தசாமி" என்ற பெயரில் எட்டுக் குறிகள், ஆக 24 பைட். அது ஒவ்வொரு பைட்டாக உடைந்து, தலையில் கோடு போட்ட ஆங்கில ஏயும் வட்டத்துக்குள் ஆரும் மாறி மாறி வருகிற குப்பையாகத் திரையில் விழும்.

இந்தக் குப்பையைப் பார்த்தால் பயப்பட வேண்டாம். பைட்டுகள் அப்படியே இருக்கின்றன, மீட்கலாம். பெயர் முழுக்கக் கேள்விக்குறியாக வந்தால்தான் பயப்பட வேண்டும். தரவுத்தளத்தின் பக்கம் தமிழ் தெரியாத குறியாக்கத்துக்கு மாற்றப்பட்டு எழுத்து அழிந்துவிட்டது, திரும்பாது. ஆகவே உண்மையான தரவு ஏற்றுமுன் ஒரு தமிழ்ப் பெயரைப் பதிந்து பாருங்கள்.

கொன்ஃப் கோப்புறையில் உள்ள வெப் கோப்பில் செட்-கரக்டர்-என்கோடிங் வடிகட்டி கருத்துரைக்குள் மூடப்பட்டுக் கிடக்கும். வடிகட்டியையும் அதன் பொருத்தலையும் இரண்டு இடத்திலும் திறந்துவிடுங்கள். செயலிக்கே வேறு வடிகட்டிகள் இருந்தால் இது அவற்றுக்கு முன்னால் ஓட வேண்டும். யாராவது முதலில் தரவை வாசித்துவிட்டால் பிறகு குறியாக்கம் சொல்லிப் பயனில்லை.

மிச்சம்

நினைவகம்: டொம்கெட்டின் "பின்" என்ற கோப்புறைக்குள் செட்என்வ் என்று நீங்களே ஒரு கோப்பு உருவாக்க வேண்டும், கூட வராது. சொல்லாவிட்டால் ஜாவா இயந்திரத்தின் நினைவகத்தில் காற்பங்கை உச்ச அளவாக எடுக்கும். எங்களுடைய 2 ஜிபி சேர்வரில் 768 எம்பி கொடுத்திருக்கிறேன். நேரவலயத்தையும் ஆசியா/கொழும்பு என்று அங்கேயே வையுங்கள். இல்லாவிட்டால் காலை பத்து மணிக்கு நடந்தது பதிவேட்டில் நாலரை என்று கிடக்கும்.

பிழைப் பக்கம்: எரர்-ரிப்போர்ட் வால்வில் ஷோ-ரிப்போர்ட், ஷோ-சேர்வர்-இன்ஃபோ இரண்டையும் ஃபோல்ஸ் ஆக்குங்கள். எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று ஊருக்குச் சொல்லத் தேவையில்லை.

சேர்வரைக் கந்தோரில் வைக்க வேண்டாம். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில், கந்தோர் மூலையில் இருந்த எங்கள் கணினி ஒவ்வொரு முறை எழும்பும்போதும் தரவுத்தளத்துக்கு முன் டொம்கெட் எழும்பி, இணைப்புக் கிடைக்காமல் விழுந்து கிடக்கும். அப்போது சேவைக் கோப்பில் தரவுத்தளத்துக்குப் பின் என்று ஒரு வரி சேர்த்துத்தான் சமாளித்தேன். பிறகு மாதவாடகைக்கு வெளியே சேர்வர் எடுத்துவிட்டோம். அந்த வரியை மட்டும் இப்போதும் விட்டு வைத்திருக்கிறேன்.

முடிந்ததும் சேர்வரில் எஸ்எஸ் கட்டளையால் எந்தெந்தப் போர்ட் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். 22, 80, 443 தவிர மற்றதெல்லாம் 127இல் இருக்க வேண்டும். பிறகு வைஃபையை நிறுத்தி, போன் டேட்டாவிலிருந்து 8080ஐயும் மேனேஜரையும் தட்டிப் பாருங்கள்.

பின்சேர்க்கை: இதை வாசித்துச் செய்த வவுனியாத் தங்கச்சி ஒருவர், எல்லாம் சரி, காணி உறுதியின் படத்தை ஏற்றினால் மட்டும் 413 வருகிறது என்று எழுதியிருந்தார். டொம்கெட்டில் தேடாதீர்கள், அது என்ஜினெக்ஸ். இயல்பாக 1 எம்பிக்கு மேல் விடாது, இப்போதைய போன் படம் மூன்று நான்கு எம்பி வரும். கிளையன்ட்-மெக்ஸ்-பொடி-சைஸ் என்பதை 10 எம்பி ஆக்கி என்ஜினெக்ஸை மீளேற்றச் சொன்னேன். அடுத்த நாள் படம் ஏறிவிட்டது என்று பதில் வந்தது.